மல்லிகை, பெர்கமாட், புகை: மணமேற்றிய இலைத் தேயிலை பற்றிய கேள்வி பதில்

பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு, குன்னூரில் தேயிலைச் சுவைக்கூடம் ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றிய நம் உறுப்பினர் இங்கே பதில் அளிக்கிறார். தூளையும் பாலையும் சேர்த்துக் கொதிக்கவைக்கும் அன்றாடத் தேநீரை விட்டுவிட்டு, மணம் ஏற்றப்பட்ட இலைத் தேயிலையை வீட்டில் வடித்துச் சுவைப்பதைப் பற்றி மட்டும் கேட்குமாறு கேட்டுக்கொண்டிருந்தோம்.

கேள்வி (சேலம்): கடையில் டப்பாவைத் திறந்தபோது மாம்பழ மணம் தூக்கலாக இருந்தது. வீட்டில் வடித்தால் வெந்நீரைக் குடிப்பதுபோல் இருக்கிறது. நான் செய்யும் தவறு என்ன?

தவறு உங்களுடையதாக இல்லாமலும் இருக்கலாம். தேயிலைக்கு மணம் ஏற்றப் பெரும்பாலும் இரண்டு வழிகள் உள்ளன. பூவோ புகையோ தன் வாசனையை இலைக்குள் மெல்ல விடும்படி செய்வது ஒன்று. தயாரான இலையின்மேல் எண்ணெயையோ எசன்ஸையோ தெளித்துப் புரட்டுவது மற்றொன்று. இரண்டாவது வகையில் டப்பாவைத் திறந்ததும் எழுகிற மணம் மேலே தெளித்ததைப் பற்றித்தான் சொல்லும். அடியில் உள்ள இலையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஏலத்தில் விலைபோகாத, சுவை குன்றிய தேயிலையைக்கூட மாம்பழ எசன்ஸ் மறைத்துவிடும்.

இதற்கு ஒரு சோதனை உண்டு. ஒரு குவளை வடித்து, முழுவதும் ஆறும்வரை தொடாமல் வைத்திருந்து, பிறகு குடித்துப் பாருங்கள். சூட்டோடு எழும் வாசனை அடங்கியபின் நாக்கில் நிற்பது தேயிலை மட்டுமே. அப்போது இனிமையோ துவர்ப்போ ஏதேனும் ஒரு பிடிப்பு இருந்தால் இலை நல்லது. தண்ணீர்ச் சுவை மட்டும் இருந்தால் நீங்கள் எசன்ஸுக்கே விலை கொடுத்திருக்கிறீர்கள். இன்னொன்று, ஊறும்போது பாத்திரத்தை மூடிவைக்கிறீர்களா? மூடாமல் விட்டால் மணத்தில் நல்ல பங்கு சமையலறைக்குப் போய்விடும்.

கேள்வி (திருச்சி): ஒரு குவளைக்கு எவ்வளவு இலை, எத்தனை நிமிடம்?

தேயிலைகளை ஒப்பிட்டுச் சுவைப்பதற்கென ஐஎஸ்ஓ 3103 என்ற பன்னாட்டுத் தரநிலை ஒன்று 1980 முதல் இருக்கிறது. 100 மில்லிலிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிட ஊறல் என்பது அதன் கணக்கு. இதையொத்த பிரிட்டிஷ் தரநிலையில் தேநீர் தயாரிப்பதற்கு ஆறு பக்கம் எழுதியிருந்ததைக் கேலி செய்து, 1999இல் அதற்கு இலக்கியத்துக்கான இக்நோபல் என்ற கேலிப் பரிசு கொடுத்தார்கள். ஆனால் அந்த அளவு குறைகளை வெளியே இழுத்துக் காட்டுவதற்காக ஏற்பட்டதே தவிர, சுகமாகக் குடிப்பதற்காக அல்ல.

வீட்டில் 150 மில்லிலிட்டருக்கு 2 கிராம் போதும். கறுப்புத் தேயிலையை 3 முதல் 4 நிமிடமும், பச்சைத் தேயிலையை (கிரீன் டீ) 2 நிமிடமும் ஊறவிடுங்கள். கரண்டிக் கணக்கை நம்ப வேண்டாம்; கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் குருணையான சிடிசி தூளில் தலைதட்டிய ஒரு தேக்கரண்டியே 2 கிராமைத் தாண்டிவிடும், நீளமாக முறுக்கிய மல்லிகைத் தேயிலையிலோ இரண்டு கரண்டி குவித்துப் போட்டால்தான் அதே எடை வரும். நகை நிறுக்கும் சிறிய மின்தராசு ஒன்று இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கேள்வி (ஈரோடு): எவ்வளவு நேரம் வைத்தாலும் சாயமே இறங்கவில்லை. இலை பழையதா?

நாம் கடைத்தெருவில் பழகிய நிறம் சிடிசி தூளின் நிறம். 1930களில் அசாமில் பரவத் தொடங்கிய அந்த முறையில் இலையைப் பல் வைத்த உருளைகளுக்கிடையே நசுக்கிக் கிழித்துச் சுருட்டிக் குருணையாக்குவதால், வெந்நீர் பட்டவுடன் எல்லாச் சாறும் இறங்கிவிடுகிறது. இப்படிக் கிழிக்காமல் ஆர்த்தடாக்ஸ் என்ற முறையில் உருட்டிய இலை தன் சாற்றை நிதானமாகத்தான் விடும். பச்சைத் தேயிலையை அடியாகக் கொண்ட மல்லிகைத் தேநீர் வெளிர்மஞ்சளாக இருப்பதே முறை. நிறத்துக்காக நேரத்தை நீட்டினால் கசப்புதான் கூடும்.

கேள்வி (சென்னை): மல்லிகைப் பச்சைத் தேநீர் எனக்கு எப்போதும் கசந்துவிடுகிறது. வெப்பமானி இல்லாமல் என்ன செய்வது?

முதலில் அது கசப்பா துவர்ப்பா என்று பிரித்துப் பாருங்கள். அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்த நமக்கு இது எளிது. வாழைப்பூவும் பாக்கும் வாயைக் கட்டுவதுபோல் கன்னத்தின் உட்புறம் இறுகினால் அது துவர்ப்பு. தேயிலையின் பாலிஃபீனால்கள் எச்சிலில் உள்ள புரதங்களோடு சேர்வதால் அது ஏற்படுகிறது. அடிநாக்கில் பாகற்காய்போல் நின்றால் அது கசப்பு. கொஞ்சம் துவர்ப்பு இருப்பது தேநீருக்கு அழகு. கசப்பு மிகுந்தால் தண்ணீரின் சூடு அதிகம் என்று பொருள்.

பச்சைத் தேயிலைக்கு 80 டிகிரி செல்சியஸை ஒட்டிய நீர் வேண்டும். நம் ஊர் வெயிலில் ஆறிய நீர் 30 டிகிரி இருக்கும். கொதிநீர் மூன்று பங்கு, காய்ச்சி ஆறிய நீர் ஒரு பங்கு என்று கலந்தால் 82 டிகிரிக்கு அருகில் வந்துவிடும். இலைமேல் கொதிநீரை ஊற்றிவிட்டுப் பிறகு பச்சை நீரைச் சேர்ப்பதில் பயனில்லை. முதலில் கலந்துகொண்டு பிறகு ஊற்ற வேண்டும்.

கேள்வி (உதகமண்டலம்): எங்கள் ஊரில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுகிறது. அதற்கும் சுவைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அதற்குமேல் எவ்வளவு எரித்தாலும் சூடு ஏறாது. பச்சைத் தேயிலைக்கும், பச்சைக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட வகையான ஊலாங்குக்கும் இது வசதிதான். கறுப்புத் தேயிலைக்குப் பாத்திரத்தை வெந்நீரால் ஒருமுறை கழுவிச் சூடேற்றிக்கொண்டு, ஊறலில் ஒரு நிமிடம் கூட்டுங்கள்.

கேள்வி (மதுரை): எங்கள் ஊர் மல்லிகையை வைத்து வீட்டிலேயே மல்லிகைத் தேயிலை செய்ய முடியுமா?

தாராளமாகச் செய்யலாம், இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். சீனத்தின் ஃபூஜியன் மாகாணத்தில் உள்ள ஃபூச்சோ நகரம் மல்லிகைத் தேயிலைக்குப் பெயர்பெற்றது. அங்கே பயன்படும் பூவும், 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும் ஒரே தாவர இனத்தைச் சேர்ந்தவை. முல்லையும் பிச்சியும் வேறு இனங்கள். அவற்றின் மணம் இலையில் வேறு மாதிரி அமரும்.

அங்கே வசந்தத்தில் பறித்த இலையைப் பக்குவப்படுத்தி, பூக்காலமாகிய கோடைவரை வைத்திருக்கிறார்கள். பகலில் பறித்த அரும்பு இரவில் விரியும்போதுதான் மணத்தை வெளிவிடும் என்பதால், மலரத் தொடங்கும் வேளையில் தேயிலையோடு கலந்து இரவு முழுவதும் வைத்து, மறுநாள் பூவைச் சலித்து நீக்கிவிட்டு, இலை உறிஞ்சிய ஈரம் போக உலர்த்துகிறார்கள். உயர்ந்த வகைகளுக்குப் புதுப் பூவைக் கொண்டு இதையே ஐந்தாறு முறை திரும்பச் செய்வார்கள். ஆகவே பொட்டலத்தில் காய்ந்த இதழ்கள் நிறையக் கிடப்பது தரத்துக்கு அடையாளமாகாது. மணத்தைக் கொடுத்து முடித்த பூவை அழகுக்காகப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவே.

வீட்டில் 50 கிராம் மணமில்லாத பச்சைத் தேயிலைக்கு அதே எடை உதிரிப்பூ எடுத்துக்கொள்ளுங்கள். தொடுத்த சரம் வேண்டாம். நாரின் வாசனையும் ஈரமும் சேர்ந்துவிடும். மாலையில் அரும்பு வாய் திறக்கும் நேரத்தில், அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் இலை ஒரு அடுக்கு, பூ ஒரு அடுக்காகப் பரப்பி மூடுங்கள். படுக்கப்போகும் முன் ஒருமுறை புரட்டிவிடுங்கள். விடிந்ததும் பூவை எல்லாம் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். வாடிய பூவை மேலும் விட்டுவைத்தால் வெந்த கீரை வாசம் ஏறிவிடும். பிறகு கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின்மேல் ஒரு தட்டை வைத்து, அதில் இலையைப் பரப்பி, கையில் மொரமொரப்பாக நொறுங்கும்வரை உலர்த்துங்கள். தட்டு பாத்திரத்தின் வாயை முழுவதும் மூடியிருக்கட்டும். ஆவி இலையில் படக் கூடாது. இரண்டு இரவு செய்தாலே வேறுபாடு தெரியும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. சந்தைக்கு வரும் பூ தலையில் சூடவும் சாமிக்குச் சாத்தவும் வளர்க்கப்படுவது; அதில் பூச்சிமருந்து அடிப்பவர்கள் யாரும் அதைக் குடிக்கப்போகிறோம் என்று நினைத்து அடிப்பதில்லை. மருந்து அடிக்காத வீட்டுச் செடியிலிருந்து கிடைத்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

கேள்வி (சென்னை): ஆறும்போது தேநீரின்மேல் எண்ணெய்போல் ஏடு படிகிறது. எசன்ஸ்தான் மிதக்கிறதா?

பெரும்பாலும் இல்லை. அது ஆழ்துளைக் கிணற்றுக் கடினநீரின் வேலை. நீரிலுள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் தேயிலையின் பொருள்களோடு காற்றில் சேர்ந்து அந்த ஏட்டை உண்டாக்குகின்றன; மணமும் மங்கிப்போகும். ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு ஏடு கலைந்தால் காரணம் தண்ணீர்தான். நீரை நன்றாகக் கொதிக்கவைத்துத் தெளியவிட்டு இறுத்துக்கொண்டால் ஓரளவு குறையும். வெறும் ஆர்ஓ நீரில் ஏடு வராது. ஆனால் சுவை மொட்டையாக இருக்கும். ஆகவே ஆர்ஓ நீரோடு கால் பங்கு சாதாரணக் குடிநீரைக் கலப்பது என் வழக்கம்.

கேள்வி (பெங்களூரு): ஏர்ல் கிரே தேநீரில் பால் சேர்க்கலாமா? தினமும் குடிப்பது நல்லதா?

ஏர்ல் கிரே என்பது கறுப்புத் தேயிலையில் பெர்கமாட் என்ற எலுமிச்சைக் குடும்பப் பழத்தின் தோல் எண்ணெயைச் சேர்த்தது. அந்தப் பழம் பெரும்பாலும் இத்தாலியின் கலாப்ரியா பகுதியில் விளைகிறது. 1830 முதல் 1834 வரை பிரிட்டிஷ் பிரதமராக இருந்த கிரே பிரபுவின் பட்டப்பெயர் இதற்கு அமைந்தது எப்படி என்பதற்கு உலவும் கதைகளை நான் பொருட்படுத்துவதில்லை.

அடித் தேயிலை திடமாக இருந்தால் கொஞ்சம் பால் ஒத்துப்போகும். பாலின் புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொண்டு வழவழப்பைத் தரும். எலுமிச்சைச் சாற்றையும் பாலையும் ஒன்றாகச் சேர்த்தால் திரிந்துவிடும். நாளுக்கு இரண்டு மூன்று குவளை குடிப்பதில் நலமுள்ளவர் அஞ்ச வேண்டியதில்லை. நாளொன்றுக்கு நான்கு லிட்டர்வரை ஏர்ல் கிரே குடித்துவந்த ஒருவருக்குத் தசைப்பிடிப்பு ஏற்பட்டு, சாதாரணக் கறுப்புத் தேநீருக்கு மாறியபின் அது நீங்கியதாக 2002இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு குறிப்பு வந்தது. நான்கு லிட்டர் என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): இஞ்சி கலந்த இலைத் தேயிலையில் பச்சை இஞ்சியும் தட்டிப்போட்டுப் பால் விட்டால் சில சமயம் திரைந்துபோகிறது. ஏன்?

பச்சை இஞ்சியில் பாலின் புரதத்தை வெட்டும் நொதி ஒன்று உண்டு. இஞ்சியை முதலில் தண்ணீரில் போட்டு இரண்டு மூன்று நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். பிறகு தேயிலையை ஊறவிட்டு, கடைசியில் பாலைச் சேருங்கள். உங்கள் ஊர் வழக்கப்படி பாலில்லாத பிளேன் டீயாகவே இஞ்சியோடு குடித்தால் இந்தத் தொல்லையே இல்லை.

கேள்வி (நாகர்கோவில்): பால் ஊலாங் என்று வாங்கினேன். அதில் பால் சேர்த்திருக்கிறார்களா?

1980களின் தொடக்கத்தில் தைவானில் உருவாக்கி வெளியிட்ட ஜின் ஷுவான் என்ற தேயிலை ரகத்துக்கு இயல்பாகவே மெல்லிய பாலேட்டு மணம் உண்டு. பெயர் அதிலிருந்து வந்தது. திறந்தவுடன் பால்கோவா வாசம் அடித்தால் அது மேலே சேர்த்த மணம்.

கேள்வி (தூத்துக்குடி): எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம்? குளிர்பெட்டியில் வைக்கலாமா?

குளிர்பெட்டி வேண்டாம். வெளியே எடுத்துத் திறக்கும்போதெல்லாம் கடற்கரை ஊர்க் காற்றின் ஈரம் குளிர்ந்த இலையில் படியும். ஒளி புகாத, இறுக மூடும் தகர டப்பாவில் வைத்து, மணத் தேயிலையாக இருந்தால் திறந்த ஆறு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். 50 கிராமுக்கு மேல் ஒரே நேரத்தில் வாங்காமல் இருப்பது இன்னும் நல்லது.

தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். பூவின் மணத்தை ஏற்கிற அதே குணம்தான் சாம்பார்ப்பொடியின் மணத்தையும் ஏற்கிறது. சீனத்தின் வூயி மலைப்பகுதியில் பைன் விறகுப் புகையில் உலர்த்தப்படும் லாப்சாங் சூசோங் என்ற கறுப்புத் தேயிலையை மட்டும் தனி அலமாரிக்கே அனுப்பிவிடுங்கள். நான் ஒருமுறை அதை ரோஜாத் தேயிலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு மாதம் கருவாடு சுட்ட அடுப்படியில் ரோஜா பூத்ததுபோன்ற ஒன்றைக் குடித்துத் தீர்த்தேன்.

கேள்வி (கோயம்புத்தூர்): தொழில்முறைச் சுவையாளர்கள் சத்தம் போட்டு உறிஞ்சுவது எதற்காக? வீட்டிலும் அப்படிச் செய்ய வேண்டுமா?

அது வெறும் பழக்கமில்லை. கரண்டியில் எடுத்த தேநீரைக் காற்றோடு வேகமாக உறிஞ்சும்போது அது துளிகளாகச் சிதறி வாய் முழுவதும் பரவுகிறது. வாசனை தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிறது. மணத் தேயிலையில் நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி இந்த வழியாகத்தான் வருகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு குடித்துப் பாருங்கள், மல்லிகை காணாமல் போய்விடும்.

வீட்டில் ஒரே தேயிலையைத் தனியாகச் சுவைப்பதைவிட, இரண்டு மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே எடை, ஒரே நீர், ஒரே நேரம் என்று வடித்துச் சுவைப்பதே நாக்கைப் பழக்கும். அவற்றில் ஒன்று மணமில்லாத சாதாரணத் தேயிலையாக இருக்கட்டும். ஊறிய இலையையும் முகர்ந்து பாருங்கள். குறிப்பு எழுதும்போது வெளிநாட்டுச் சொற்பட்டியலைத் தேடாதீர்கள். வெல்லப்பாகு, வறுத்த பச்சரிசி, ஈர வைக்கோல், மாந்தளிர் என்று உங்களுக்குத் தெரிந்த வாசனைகளையே எழுதுங்கள்.

கேள்வி (புதுச்சேரி): சங்குப்பூத் தேநீர் இதில் சேருமா?

அதில் தேயிலையே கிடையாது. எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாக மாறும், பார்க்க அழகு.

கேள்வி (வேலூர்): கோடையில் சூடாகக் குடிக்க முடியவில்லை. வடித்துக் குளிரவைத்தால் கலங்கிவிடுகிறது.

திடமான கறுப்புத் தேநீர் குளிரும்போது அதிலுள்ள காஃபீனும் பாலிஃபீனால்களும் ஒன்றோடொன்று பிணைந்து கலங்கலாகத் தெரிகின்றன. கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம், சூடாக்கினால் தெளிந்துவிடும். கலங்காமல் வேண்டுமென்றால் வெந்நீரையே தவிர்த்துவிடுங்கள். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் 10 கிராம் இலையைப் போட்டு மூடி, குளிர்பெட்டியில் எட்டு மணி நேரம் வைத்து வடிகட்டுங்கள். இம்முறையில் கசப்பும் துவர்ப்பும் குறைவாகவே இறங்கும். மல்லிகையும் பெர்கமாட்டும் இதற்குப் பொருந்தும், புகையேற்றியது பொருந்தாது. வடித்ததை அன்றைக்கே குடித்துவிட வேண்டும்.