வேண்டுமென்றுதான் இடிக்கிறாரா? கூடைப்பந்து பற்றி வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சேர், நானும் மச்சானும் விடியக்காலையில் எழும்பி ஃபோனில் அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக் பார்க்கிற ஆட்கள். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் டிரேமண்ட் கிரீன் விஷயத்தில் எங்களுக்குள் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. ஒருவரை உதைக்கிறார், இன்னொருவரின் கழுத்தைப் பிடிக்கிறார், வேறொருவருக்கு முகத்தில் அடி விழுகிறது, கேட்டால் தெரியாமல் பட்டது என்கிறார். மச்சான் நம்புகிறார், நான் நம்பவில்லை. அவர் வேண்டுமென்றுதான் செய்கிறாரா?
– வாசகர், உப்புவெளி

பதில்: தம்பி, சிலதை வேண்டுமென்றே செய்தார், சிலதில் அப்படி அடித்துச் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஆமா இல்லையா என்று கேட்டால் நீங்களும் மச்சானும் ஆயுள் முழுக்க வாதாட வேண்டியதுதான். தனித்தனியாகப் பார்ப்போம்.

2023 நவம்பரில் மினசோட்டாவுடன் நடந்த ஆட்டம். கிரீனின் அணிக்காரர் கிளே தொம்சனும் மினசோட்டாவின் ஜேடன் மக்டானியல்ஸும் சட்டையைப் பிடித்து இழுபட, இடையில் மினசோட்டாவின் ரூடி கோபேர் வந்தார். கிரீன் பின்னால் வந்து கோபேரின் கழுத்தைக் கையால் வளைத்துப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அங்கே பந்தும் இல்லை, ஆட்டமும் நின்றுவிட்டது. தெரியாமல் பட்ட கை ஒருவரின் கழுத்தில் அவ்வளவு நேரம் இருக்காது. தன் அணிக்காரனைக் காப்பாற்றப் போனார் என்று சொல்கிறார்கள், இருக்கட்டும், அது ஏன் செய்தார் என்பதற்குப் பதில், வேண்டுமென்று செய்தாரா என்பதற்குப் பதில் இல்லை. 5 ஆட்டங்கள் தடை விதித்தார்கள். எனக்கு அது குறைவாகத்தான் பட்டது.

அதற்கு ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 12ஆம் திகதி, ஃபீனிக்ஸ் அணியின் யூசுஃப் நுர்கிச். அவர் பின்னால் நின்று இடுப்போடு பிடித்திருந்தார், கிரீன் கையை நீட்டியபடி சுழன்றார், அடி நேரே முகத்தில் விழுந்தது. நுர்கிச்சுக்கு ஃபவுல் ஊதவைப்பதற்காகத்தான் கையை வீசினேன், அடிக்க நினைக்கவில்லை என்று ஆட்டம் முடிந்ததும் சொல்லி மன்னிப்பும் கேட்டார். இதை நான் பாதி நம்புகிறேன். முகம் எந்த இடத்தில் இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை, அது உண்மையாக இருக்கலாம். ஆனால் ஆள் முதுகோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறார் என்று தெரிந்துதானே கையை வீசினார்? முதலில் எத்தனை ஆட்டம் என்று சொல்லாமலே தடை போட்டார்கள், கடைசியில் அது 12 ஆட்டங்களாக முடிந்தது.

2016இல் ஓக்லஹோமா சிட்டியின் ஸ்டீவன் அடம்ஸ் விஷயம்தான் எனக்கு உண்மையிலேயே கஷ்டமானது. மேற்குப் பிரிவு இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் முழங்கால், மூன்றாவது ஆட்டத்தில் பாதம், இரண்டும் ஒரே ஆளுக்கு, இரண்டும் அடிபடக்கூடாத அதே இடத்தில். எறியும்போது ஃபவுல் பட்டதால் கால் தானாக மேலே போய்விட்டது என்றார் கிரீன். அப்படிக் காலைத் தூக்கி எறிந்து மத்தியஸ்தரின் கண்ணில் படச்செய்கிற பழக்கம் அந்த லீக்கில் நிறையப் பேருக்கு உண்டு, அது பொய் இல்லை. லீக் அந்த உதையை, தேவையில்லாத கடுமையான மோதலுக்குக் கொடுக்கும் ஃபிளேக்ரன்ட் ஃபவுலில் கூடிய நிலையான இரண்டாம் நிலைக்கு உயர்த்தி 25,000 டொலர் தண்டம் கட்டச் சொன்னது, ஆனால் ஆட்டத்திலிருந்து நிறுத்தவில்லை. ஒரு தடவை மட்டும் நடந்திருந்தால் நானும் உங்கள் மச்சான் பக்கம் நின்றிருப்பேன்.

அதே வருடம் இறுதித் தொடரின் நான்காவது ஆட்டத்தில் கிளீவ்லாந்து அணியின் லெப்ரோன் ஜேம்ஸோடு மோதல், கீழே விழுந்து கிடந்தபடி கையை வீசியதற்கு இன்னொரு ஃபிளேக்ரன்ட். ஃபிளேக்ரன்ட்டுகளுக்காக ஏற்கெனவே சேர்ந்திருந்த தண்டனைப் புள்ளிகளோடு இதுவும் சேர, ஐந்தாவது ஆட்டத்தில் விளையாட முடியவில்லை. அந்தப் பருவத்தில் 73 ஆட்டங்களை வென்ற அணி, இறுதித் தொடரிலும் 3–1 என்று முன்னால் நின்ற அணி, கடைசியில் 4–3 என்று தோற்றது. அவர் இல்லாததால் மட்டும் தோற்றார்கள் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் வாரியர்ஸ் ரசிகர்கள் அந்தக் கையை இன்னும் மறக்கவில்லை.

இப்போது நீங்கள் இரண்டு பேரும் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. இந்தச் சம்பவங்களை நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் மெதுவாக ஓடும் வீடியோவில். 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரே காட்சியை ஒரு கூட்டத்துக்குச் சாதாரண வேகத்திலும் இன்னொரு கூட்டத்துக்கு மெதுவாகவும் போட்டுக் காட்டினார்கள். மெதுவாகப் பார்த்தவர்கள்தான் வேண்டுமென்று செய்தது என்று கூடுதலாகச் சொன்னார்கள், ஏனென்றால் அந்த ஆளுக்கு யோசிக்க நிறைய நேரம் இருந்ததுபோல அவர்களுக்குத் தோன்றியது. உண்மையில் எவ்வளவு நேரம் போனது என்று திரையிலேயே காட்டியும் அந்தச் சாய்வு முழுதாகப் போகவில்லை. மனிதன் கண்ணால் கண்டு உடம்பை அசைக்கவே கிட்டத்தட்ட கால் விநாடி எடுக்கும். அதனால் கை எங்கே பட்டது என்று பார்க்க மெதுவான வீடியோவைப் போடுங்கள், ஆள் என்ன நினைத்தார் என்று பார்ப்பதற்கு அதைப் போடவே வேண்டாம்.

என் முடிவு என்ன என்று கேட்டால், ஒவ்வொரு அடியையும் முன்கூட்டித் திட்டமிடுகிற ஆள் அவர் இல்லை, ஆனால் தன் கைகால் யார் மேல் விழும் என்பதைப் பற்றி அக்கறைப்படாமல் விளையாடலாம் என்று முடிவு எடுத்துவிட்ட ஆள், அந்த முடிவு வேண்டுமென்று எடுத்ததுதான். 2017இல் லீக்கின் சிறந்த தடுப்பாட்ட வீரர் விருது வாங்கியவர், நான்கு தடவை சம்பியன், எதிரணி அடுத்ததாகப் பந்தை எங்கே கொடுக்கும் என்று மற்றவர்களை விட முன்னால் கண்டுபிடிக்கிற மூளை. கோட்டில் பத்துப் பேரும் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்த மனிதனுக்குத் தன்னை ஒட்டி நிற்கிறவனை மட்டும் தெரியாது என்றால் நான் எப்படி ஏற்றுக்கொள்வது? 2023 ஏப்ரலில் சக்ரமென்டோவின் டொமன்டஸ் சபோனிஸ் கீழே கிடந்து காலைப் பிடிக்க, கிரீன் அவர் நெஞ்சில் மிதித்தார். அதற்கு ஒரு ஆட்டம் தடை போட்டபோது அவருடைய பழைய சரித்திரத்தையும் ஒரு காரணமாக லீக் வெளிப்படையாகவே சொன்னது. சரியான வழி அதுதான். 2021இல் லெப்ரோனின் கை பட்டு டெட்ரொய்ட் வீரர் ஐசையா ஸ்டூவர்ட்டின் முகத்தில் இரத்தம் ஓடியது, லெப்ரோனுக்கும் ஒரு ஆட்டம் தடை விழுந்தது. ஆனால் அது அவருடைய 19ஆவது பருவத்தில் கிடைத்த முதல் தடை. அவர் தெரியாமல் பட்டது என்றால் கேட்கிறவன் நம்பலாம், அந்த நம்பிக்கையை அவர் அத்தனை வருடமாகச் சம்பாதித்து வைத்திருக்கிறார்.

இன்னொன்று. வேண்டுமென்று செய்யவில்லை என்றால் குற்றம் இல்லை என்று மச்சான் நினைத்தால் அதுவும் பிழை. 2017இல் வாரியர்ஸின் ஸாஸா பச்சூலியா, எறிந்துவிட்டுக் கீழே இறங்கிய சன் அன்டோனியோவின் காவாய் லெனார்டின் காலடியில் தன் பாதத்தைக் கொண்டுபோய் வைத்தார். கணுக்கால் திரும்பி, லெனார்டின் பருவமே அத்தோடு முடிந்தது. அவர் வெளியே போகும்போது சன் அன்டோனியோ 23 புள்ளிகள் முன்னால் நின்றது, ஆட்டம் 113–111 என்று தோல்வியில் முடிந்தது. பயிற்றுவிப்பாளர் கிரெக் பொப்பொவிச் கொதித்துப்போய், அவன் என்ன நினைத்தான் என்பது யாருக்கு வேண்டும், ஃபோனில் மெசேஜ் தட்டிக்கொண்டு கார் ஓட்டி ஆளைக் கொன்றவனும் கொல்ல நினைக்கவில்லைதானே, அவனும் ஜெயிலுக்குத்தான் போகிறான் என்ற கருத்தில் பேசினார். அடுத்த பருவத்திலிருந்து, எறிபவர் இறங்கும் இடத்தில் கால் வைத்தால் ஃபிளேக்ரன்ட் வரைக்கும் போகலாம் என்று லீக் விதியை இறுக்கியது. பச்சூலியா மனதில் என்ன இருந்தது என்று அந்த விதி கேட்பதில்லை. கணுக்கால் காப்பாற்றப்பட வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: என் மகள் பாடசாலை அணியில் விளையாடுகிறாள். போன மாதம் ஒரு ஆட்டத்தில் எதிரணியின் பேர்பெற்ற வீராங்கனை முழங்கையால் இடித்து மகளின் உதடு கிழிந்து தையல் போட்டோம். அந்தப் பிள்ளை வேண்டுமென்றுதான் செய்தது என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். வீடியோவும் கையில் இருக்கிறது. முறைப்பாடு செய்யலாமா?
– ஒரு தாய், ஓர்ஸ் ஹில்

பதில்: அக்கா, முதலில் பிள்ளையைப் பாருங்கள். முகத்தில் அடி என்றால் உதட்டோடு முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். தலையிடி நிற்காமல் இருக்கிறதா, வாந்தி வருகிறதா, வெளிச்சம் பார்க்கக் கஷ்டப்படுகிறாளா, படிப்பில் மனம் நிற்காமல் தடுமாறுகிறாளா? ஏதாவது ஒன்று இருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், டொக்டர் சொல்லும்வரை கோட்டுக்கு அனுப்ப வேண்டாம். திரும்ப விளையாடும்போது பல்லுக்குப் போடும் காப்பு ஒன்று வாங்கிக் கொடுங்கள், எங்கள் பிள்ளைகள் அதைப் போடுவதே இல்லை, எனக்கு அதில் பெரிய கவலை உண்டு.

அடுத்தது அந்த மற்றப் பிள்ளை. பாடசாலை ஆட்டங்களில் மத்தியஸ்தம் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், முழங்கை படுவது அநேகமாக ரீபவுண்டில்தான், அதாவது கூடைக்குள் போகாமல் திரும்பி வரும் பந்தைப் பிடிக்கும்போதுதான். பந்தைப் பிடித்து நெஞ்சோடு அணைத்து, இரண்டு முழங்கையையும் வெளியே விரித்து, யாரும் பறிக்காமல் இருக்க அப்படியே திரும்புவார்கள். முழங்கையை விரித்து வைத்திருப்பது பிழையில்லை. அதை வீசிக்கொண்டு திரும்புவதுதான் பிழை. நாங்கள் விளையாடும் சர்வதேசச் சம்மேளன விதிப்படி, அளவுக்கு மீறி முழங்கையை வீசினால் ஆள் மேல் படாவிட்டாலும் டெக்னிக்கல் ஃபவுல் கொடுக்க முடியும். பட்டுக் காயம் வந்தால் அதை விடக் கடுமையாகப் போகலாம். அங்கேயும் மத்தியஸ்தர் செயலைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும், மனதை இல்லை.

அதனால் முறைப்பாடு என்று போவதானால், வேண்டுமென்று அடித்தாள் என்று எழுத வேண்டாம், அதை யாராலும் நிரூபிக்க முடியாது, எழுதினால் இரண்டு பாடசாலைக்கும் பகைதான் மிஞ்சும். எந்தக் கால்பகுதியில், எந்த நிலையில், முழங்கை எப்படி வந்தது, ஃபவுல் ஊதப்பட்டதா என்று உங்கள் பயிற்றுவிப்பாளர் மூலம் எழுதிக் கொடுங்கள். அதே பிள்ளை வேறு ஆட்டங்களிலும் இப்படிச் செய்திருந்தால் ஏற்பாட்டாளர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். அவளுக்கும் அது நல்லது, ஏனென்றால் திறமையான பிள்ளை என்பதற்காகப் பாடசாலையில் யாரும் திருத்தாமல் விட்டால் பிறகு மாகாண மட்டத்தில் இரண்டு விளையாட்டு நெறிக்கு மாறான ஃபவுலோடு வெளியே போய் நிற்பாள். வீடியோவை மட்டும் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அதுவும் ஒரு வீட்டுப் பிள்ளை, ஊர் சின்னது, இன்று வட்ஸ்அப்பில் போட்டால் நாளைக்கு அவள் வீட்டு வாசல் வரைக்கும் போய்விடும்.

கேள்வி: நான் சென் ஜோசப் கல்லூரியில் படித்த காலத்தில் அடிகளார்மார் சொல்லித் தந்த கூடைப்பந்து கண்ணியமான ஆட்டம். இப்போது எல்லாம் இடியும் உதையும்தான். ஏன் இப்படி மாறியது?
– ஓய்வுபெற்றவர், திருகோணமலை நகர்

பதில்: ஐயா, உங்கள் கல்லூரியிலும் மட்டக்களப்பு புனித மிக்கேலிலும் அமெரிக்க இயேசு சபை அடிகளார் யூஜின் ஹெபர்ட் பயிற்றுவித்த பிள்ளைகள் இன்றைக்கும் அவரைப் பற்றிக் கதைக்கும்போது குரல் தழுதழுக்கும். 1990 ஓகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் வழியில் அவரும் கூடப்போனவரும் காணாமல்போனார்கள், இன்றுவரை தகவல் இல்லை. கிழக்கின் கூடைப்பந்தைப் பற்றி எழுதும்போது அந்தப் பெயரைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது.

ஆனால் பழைய ஆட்டம் மென்மையானது என்பதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. 1991 டிசம்பரில் கார்ல் மலோனின் முழங்கை பட்டு ஐசையா தோமஸின் புருவத்துக்கு மேலே 40 தையல் போட்டார்கள், தண்டனை ஒரு ஆட்டமும் 10,000 டொலரும் மட்டும். இன்றைக்கு அதே அடி விழுந்தால் அவ்வளவோடு விடமாட்டார்கள். இப்போது கேமரா எல்லாப் பக்கமும் இருக்கிறது, அதனால் நாங்கள் கூடுதலாகப் பார்க்கிறோம்.

கேள்வி: சேர், எங்கள் அணியில் எனக்குத் தந்த வேலை எதிரணியின் முக்கியமான ஆளைப் பிடிப்பது. முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு நல்ல இடி போட்டு வை, பிறகு பயத்தில் உள்ளே வரமாட்டான் என்று சொல்கிறார்கள். கடைசி நிமிடத்தில் வேண்டுமென்று ஃபவுல் செய்வது எல்லாரும் செய்வதுதானே, இதுவும் அப்படித்தானே?
– மாணவன், மூதூர்

பதில்: இல்லை தம்பி, அப்படி இல்லை. கடைசி நிமிடத்தில் நேரத்தை நிறுத்துவதற்காகச் செய்யும் ஃபவுல் வேண்டுமென்று செய்வதுதான், அதை யாரும் மறைப்பதில்லை, ஆனால் அதில் யாருக்கும் காயம் வருவதில்லை. உனக்குச் சொல்லித் தந்தது ஒருவனைப் பயப்படுத்துவதற்காக அவன் உடம்பை நோகச் செய்வது. இரண்டும் தெரிந்தே செய்வதுதான், ஆனால் ஒன்று ஆட்டத்துக்குள் இருக்கிறது, மற்றது இல்லை.

டெட்ரொய்ட் பிஸ்டன்ஸ் அணி மைக்கல் ஜோர்டானுக்கு இதைத்தான் செய்தது. உள்ளே வந்தால் கீழே விழுத்து என்பதுதான் அவர்கள் திட்டம். 1988, 1989, 1990 என்று மூன்று வருடம் தொடர்ந்து ஜோர்டானின் சிக்காகோ அணியை வெளியேற்றினார்கள், அதனால் பலன் இல்லை என்று உனக்குப் பொய் சொல்லமாட்டேன். ஜோர்டான் உடம்பைப் பலப்படுத்திக்கொண்டு வந்தார், 1991இல் சிக்காகோ 4–0 என்று வென்றது, பிஸ்டன்ஸ் வீரர்களில் பலர் கைகூடக் கொடுக்காமல் நேரம் முடிய முன்னமே உள்ளே போனார்கள். லீக் ஃபிளேக்ரன்ட் ஃபவுல் விதியைக் கொண்டுவந்ததும் அந்தக் காலத்தில்தான், 1990–91 பருவத்தில்.

உன் ஆட்டத்துக்கு வருவோம். என்.பி.ஏ.யில் ஆறு ஃபவுல், உனக்கு ஐந்துதான். முதல் ஐந்து நிமிடத்தில் ஒன்றை வீணாக்கினால் கடைசிக் கால்பகுதியில் அந்த ஆளைப் பிடிக்க நீ கோட்டில் இருக்கமாட்டாய். பந்தை நோக்கிப் போகாமல் ஆளை இடித்தால் விளையாட்டு நெறிக்கு மாறான ஃபவுல், அவர்களுக்கு எறிகளும் கிடைக்கும் பந்தும் கிடைக்கும், இரண்டாவது தடவை என்றால் நீ வெளியே. கடைசி நிமிட ஃபவுலில்கூடக் கை பந்துக்குத்தான் போக வேண்டும், பின்னால் கட்டிப்பிடித்தாலோ பெனியனை இழுத்தாலோ அதே தண்டனைதான், டிவியில் பார்த்ததை வைத்துச் செய்ய வேண்டாம். அந்த ஆளை உள்ளே விடாமல் பிடிக்க வேண்டும் என்றால் அவன் பந்தை வாங்குவதற்கு முன்னமே நெஞ்சைக் குறுக்கே வை, காலால் நகர், அவன் பலமான கைப்பக்கத்தை மறி, பாயும்போது கையை நேரே மேலே தூக்கியபடி உன் இடத்திலேயே பாய். இதில் அவன் உன் மேல் மோதினாலும் ஃபவுல் உன்னுடையது இல்லை. இதை உன் பயிற்றுவிப்பாளரிடம் சொல்லு, என் பெயரையும் சொல்லு. அவருக்கு இதில் வேறு கருத்து இருந்தால் எனக்கு எழுதட்டும், அடுத்த இதழில் அவருடைய கடிதத்தையும் போட்டுப் பதில் எழுதுகிறேன்.