கம்யூனிட்டி கல்லூரியில் சேருபவர்களில் பாதிப் பேர்கூடப் படிப்பை முடிக்காதது ஏன்?

அமெரிக்காவின் கம்யூனிட்டி கல்லூரிகளில், அதாவது அரசு நடத்தும் ஈராண்டுக் கல்லூரிகளில், சேருபவர்களில் பெரும்பாலோர் படிப்பை முடிப்பதில்லையாமே, மாணவர்களின் தரம்தான் காரணமா, இதை மாற்ற ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கலிஃபோர்னியாவில், சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் அப்படி ஒரு கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறேன், பகுதிநேர ஆசிரியர். என் பதில் மாணவர் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் கேள்விப்பட்டது சரி. இந்த ஈராண்டுக் கல்லூரிகளில் சேருபவர்களில், ஆறு ஆண்டுகளுக்குள் ஏதாவது ஒரு பட்டமோ சான்றிதழோ பெறுபவர்கள் நூற்றுக்கு 43 பேர் அளவில்தான். இன்னொரு கணக்கு இதைவிடச் சுடும். சேரும்போது சுமார் 80 விழுக்காட்டினர் நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறி இளங்கலைப் பட்டம் வாங்கும் எண்ணத்தோடு வருகிறார்கள். ஆறு ஆண்டுகளில் அதை வாங்குபவர்கள் சுமார் 16 விழுக்காடு. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள், கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் ஆகியோரைத் தனியே பார்த்தால் இந்த எண் இன்னும் கீழே இறங்குகிறது.

ஆனால் தரம்தான் காரணம் என்பதை நான் ஏற்கமாட்டேன். என் பாடத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

நெடுங்காலமாக இங்கே இருந்த நடைமுறை இதுதான்: கல்லூரியில் சேரும் நாளில் கணினியில் ஒரு சோதனை. பலருக்கு அப்படி ஒரு சோதனை இருப்பதே அன்றுதான் தெரியும். பள்ளியில் அல்ஜீப்ரா படித்துத் தேறியவராக இருந்தாலும், அன்றைக்குப் பின்னங்களில் தடுமாறினால் பட்டத்துக்கான கணக்கில் சேராத அடிப்படைக் கணித வகுப்பு ஒன்றில் போட்டுவிடுவார்கள். அது முடிந்தால் தொடக்க நிலை அல்ஜீப்ரா, பிறகு இடைநிலை, அதற்குப் பிறகுதான் பல்கலைக்கழகம் ஏற்கும் பாடம். சட்டம் மாறுவதற்கு முன், கலிஃபோர்னியாவில் புதிதாகச் சேர்ந்தவர்களில் சுமார் 80 விழுக்காட்டினர் ஆங்கிலத்திலோ கணிதத்திலோ இத்தகைய வகுப்பு ஒன்றிலாவது உட்கார்ந்தார்கள்.

இப்போது ஒரு வாய்க்கணக்கு. ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு 70 பேர் தேறுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணித வகுப்புக்கு அது மோசமான விகிதம் அல்ல. ஆசிரியர் நிம்மதியாகத் தூங்கலாம். முதல் படியில் 100 பேர் நுழைந்தால் 70 பேர் மிஞ்சுவார்கள். அடுத்த படியில் 49. அதற்கடுத்து 34. நான்காவது படியைத் தாண்டுபவர்கள் 24. இதுவும், தேறியவர்கள் எல்லோரும் அடுத்த செமஸ்டரில் தவறாமல் வந்து சேர்ந்தால்தான். உண்மையில் தேறியவர்களிலேயே ஒரு பகுதியினர் திரும்பி வரமாட்டார்கள்: ஷிஃப்ட் மாறியிருக்கும், குழந்தை பிறந்திருக்கும், வாடகை ஏறி வீடு மாறியிருப்பார்கள். நான்கு ஆசிரியர்களும் நன்றாகத்தான் கற்பித்தார்கள், மாணவர்களும் உழைத்தார்கள், ஆனாலும் முக்கால்வாசிப் பேர் போய்விட்டார்கள். ஏணியை இவ்வளவு நீளமாகச் செய்து வைத்ததன் விளைவு இது. நீளமான ஏணியின் அடிப்படியில் நிறுத்தப்பட்டவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் வசதி குறைந்த பள்ளிகளிலிருந்து வந்தவர்கள்.

2017-இல் கலிஃபோர்னியா சட்டமன்றம் ஏபி 705 என்ற சட்டத்தை இயற்றியது. அந்த ஒருநாள் சோதனையை ஒதுக்கிவிட்டு, மாணவரின் பள்ளி மதிப்பெண்களை வைத்து இடம் கொடுக்க வேண்டும். ஓராண்டுக்குள் பல்கலைக்கழக நிலைப் பாடத்தை முடிக்கும் வாய்ப்பு மிக அதிகமாக இருக்கும் வகுப்பில்தான் சேர்க்க வேண்டும். 2019 இலையுதிர் பருவத்திலிருந்து கல்லூரிகள் இதற்கு முழுமையாகக் கட்டுப்பட்டன. தடுமாறுபவர்களுக்குப் பிரதான பாடத்தோடு அதே பருவத்தில் ஒரு துணை வகுப்பு. ஆசிரியர் அறைகளில் அன்று கேட்ட புலம்பல் கொஞ்சநஞ்சமல்ல. பின்னம் தெரியாதவருக்குப் புள்ளியியலா என்றார்கள். ஆனால் முதல் ஆண்டிலேயே பல்கலைக்கழக நிலைப் பாடத்தை முடிப்பவர்களின் விகிதம் எல்லா இனத்தவரிடமும் கணிசமாக உயர்ந்தது. இனங்களுக்கு இடையிலான இடைவெளி முழுதாக மூடவில்லை என்பதும் உண்மை.

2022-இல் வந்த ஏபி 1705 இன்னும் ஒரு படி மேலே போய், அறிவியல், பொறியியல் மாணவர்களை நேரடியாகக் கால்குலஸுக்கு அனுப்பச் சொல்கிறது. இதில் எனக்குத் தயக்கம் உண்டு. முக்கோணவியலைப் பார்க்காமலே வருகிறவரைத் துணை வகுப்பு ஒன்றை மட்டும் நம்பிக் கால்குலஸில் உட்கார வைப்பதும், புள்ளியியலில் உட்கார வைப்பதும் ஒன்றல்ல. இதைச் சொன்னால் சீர்திருத்தத்துக்கு எதிரி என்று முத்திரை குத்தும் சக ஆசிரியர்களும் இருக்கிறார்கள். போகட்டும்.

அடுத்தது பணம். 'கல்லூரியை இலவசமாக்கினால் போதாதா?' என்று பலர் கேட்பார்கள். கலிஃபோர்னியாவில் மாநிலத்தவருக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர்தான் கட்டணம். 60 யூனிட் கொண்ட ஈராண்டுப் பட்டத்துக்கு மொத்தம் 2,760 டாலர். குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு அதுவும் தள்ளுபடி. அப்படியும் விட்டுப்போகிறார்கள் என்றால், அவர்களை விரட்டுவது கட்டணம் அல்ல. வாடகை, சாப்பாடு, கார், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள்.

டென்னசி மாநிலம் 2015-இல் பள்ளி முடித்தவர்களில் தொடங்கி, கட்டணமில்லாக் கம்யூனிட்டி கல்லூரி என்று அறிவித்தது. நல்ல திட்டம், நிறையப் பிள்ளைகளைக் கல்லூரி வாசலுக்கு இழுத்து வந்தது. ஆனால் அதன் கட்டமைப்பைக் கவனியுங்கள். மற்ற உதவித்தொகைகள் போக மிச்சமிருக்கும் கட்டணத்தை மட்டுமே மாநிலம் ஏற்கும். பரம ஏழை மாணவருக்கு மத்திய அரசின் பெல் உதவித்தொகையே கட்டணத்தை அடைத்துவிடும் என்பதால், அவருக்கு இந்தத் திட்டத்திலிருந்து பெரும்பாலும் ஒரு டாலர்கூடப் போகாது. கொஞ்சம் வசதியுள்ளவருக்குத்தான் கையில் ஏதாவது வரும். சமத்துவத்துக்காகப் போடுகிற திட்டம் யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதை அதன் பெயரைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

டெக்சாஸ் மாநிலத்தின் அமரில்லோ கல்லூரி வேறு வழியில் போனது. ஏன் படிப்பை முடிக்க முடியவில்லை என்று மாணவர்களையே கேட்டார்கள். படிப்பு கடினம் என்ற பதில் முன்வரிசையில் வரவில்லை. குழந்தை பராமரிப்பு, போக்குவரத்து, சாப்பாடு, வீட்டு வசதி போன்றவைதான் வந்தன. தங்கள் புள்ளிவிவரங்களிலிருந்து சராசரி மாணவர் ஒருவரை உருவாக்கி 'மரியா' என்று பெயரிட்டார்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர், பகுதிநேர வேலைகள் பார்க்கும் தாய். கல்லூரியின் ஒவ்வொரு முடிவையும் மரியாவுக்கு இது ஒத்துவருமா என்று பார்த்தே எடுத்தார்கள். வளாகத்துக்குள்ளேயே உணவுப் பொருள் வழங்கும் இடம், அவசர உதவித்தொகை, சமூகப் பணியாளர்கள் எல்லாம் வந்தன. 16 வாரப் பாடங்களில் பெரும்பாலானவற்றை எட்டு வாரப் பாடங்களாக மாற்றினார்கள். ஒரே நேரத்தில் நான்கு பாடங்களுக்குப் பதில் இரண்டில் கவனம் செலுத்தலாம். நடுவில் ஏதாவது இடி விழுந்தாலும் முழு செமஸ்டரும் போகாது, எட்டு வாரம்தான் போகும். 2023-இல், சிறந்த கம்யூனிட்டி கல்லூரிகளுக்கு வழங்கப்படும் ஆஸ்பென் பரிசு இந்தக் கல்லூரிக்கும் கலிஃபோர்னியாவின் இம்பீரியல் வேலி கல்லூரிக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது.

ஆனால் எது பலன் தருகிறது என்று ஒரே ஒரு ஆதாரம் கேட்டால், நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் கம்யூனிட்டி கல்லூரிகளில் 2007-இல் தொடங்கிய ஏசாப் என்ற மாணவர் உதவித் திட்டத்தைத்தான் காட்டுவேன். எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் திட்டத்தைக் கொடுத்து ஒப்பிட்டது. மூன்று ஆண்டுகளில் பட்டம் பெற்றவர்கள் திட்டத்தில் இருந்தவர்களில் 40 விழுக்காடு, இல்லாதவர்களில் 22 விழுக்காடு. கல்வி ஆய்வுகளில் இப்படிப்பட்ட வித்தியாசம் அபூர்வம். ஒஹையோவில் மூன்று கல்லூரிகளில் அதேபோல் செய்து பார்த்தபோதும் திட்டத்தில் இல்லாதவர்களில் 19 விழுக்காடும் இருந்தவர்களில் 35 விழுக்காடும் பட்டம் பெற்றார்கள்.

அப்படி என்னதான் செய்தார்கள்? மாயம் ஒன்றுமில்லை. உதவித்தொகை போக மிஞ்சும் கட்டணத்தை ஏற்றார்கள், பாடநூலுக்கு உதவினார்கள், சுரங்க ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் மாத அட்டை கொடுத்தார்கள். அந்த அட்டையை வாங்க ஆலோசகரைப் போய்ப் பார்த்தாக வேண்டும். இந்தக் கண்ணிதான் எனக்கு மிகப் பிடித்தது. வழக்கமாகப் பிரச்சினை முற்றிய பிறகே வருகிற மாணவர், முற்றுவதற்கு முன்பே மாதாமாதம் ஒருவர் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். அந்த ஆலோசகரின் பொறுப்பில் 60 முதல் 80 மாணவர்கள். அதே கல்லூரிகளில் வழக்கமான ஆலோசகருக்கு 600 முதல் 1,500 பேர். ஆயிரம் பேரைப் பார்க்கிறவருக்கு உங்கள் பெயர் தெரியாது; எண்பது பேரைப் பார்க்கிறவர், போன வாரம் ஏன் வரவில்லை என்று தொலைபேசியில் கேட்பார். மாணவர் ஒருவருக்கு ஆகும் செலவு கூடத்தான் செய்தது. ஆனால் பட்டம் பெற்றவர் ஒருவருக்கு எவ்வளவு செலவானது என்று கணக்கிட்டால், பழைய முறையைவிடக் குறைவு.

இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் கம்யூனிட்டி கல்லூரி என்றாலே முகம் சுளிப்பார்கள், அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பிறகு பக்கத்து வீட்டுப் பையன் ஈராண்டு படித்துவிட்டு பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு மாறிவிட்டான் என்று தெரிந்ததும், செலவைப் பாதியாக்கும் தந்திரமாக அதே கல்லூரி மாறிவிடும். பொறியாளர் பெற்றோரின் மகனும், கிடங்கில் இரவு வேலை பார்த்துவிட்டு வரும் பெண்ணும் என் வகுப்பில் ஒரே வரிசையில் உட்காருகிறார்கள். இருவரையும் கலந்து எடுக்கும் சராசரி எதையும் சொல்லாது. அதனால்தான் இனவாரியாக, வருமானவாரியாகத் தேர்ச்சியைப் பிரித்துக் காட்டும்படி கல்லூரிகளைக் கட்டாயப்படுத்துவதை நான் ஆதரிக்கிறேன். சில சக ஆசிரியர்கள் அதைக் கண்காணிப்பு என்பார்கள்.

ஏசாப் திட்டத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: முழுநேர மாணவராக இருக்க வேண்டும். நாடு முழுவதும் கம்யூனிட்டி கல்லூரி மாணவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பகுதிநேரமாகப் படிப்பவர்கள். நிரூபிக்கப்பட்ட மருந்து பெரும்பான்மைக்குக் கிடைக்காது. கிடங்கிலிருந்து வரும் அந்தப் பெண்ணும் அதற்கு வெளியேதான். கற்பிக்கும் எங்களில் பலரும் பகுதிநேரம்தான்; கலிஃபோர்னியாவில் ஒரே கல்லூரி மாவட்டத்தில் (கல்லூரிகளை நடத்தும் நிர்வாக அமைப்பு) முழுநேரப் பணிச்சுமையில் 67 விழுக்காட்டுக்கு மேல் எங்களுக்குத் தர முடியாது என்று சட்டம். பிழைப்புக்காக இரண்டு, மூன்று கல்லூரிகளுக்கு நெடுஞ்சாலையில் ஓடுகிறோம். வகுப்பு முடிந்ததும் மாணவரோடு உட்கார்ந்து பேச எங்களுக்கு அறையும் இல்லை, நேரமும் இல்லை.

பணம் கையில் இருந்தால் முதலில் எதைச் செய்வீர்கள் என்று கேட்டால், புதிய கட்டடம் கட்டமாட்டேன். ஆலோசகர் அலுவலகத்தை மாலை ஐந்து மணிக்கு மூடாமல் இரவு ஒன்பது வரை திறந்து வைப்பேன். பகுதிநேர மாணவர்களுக்கென்று எண்பது பேருக்கு ஓர் ஆலோசகர் போடுவேன். எங்களைப் போன்றவர்களுக்கு மாணவரைச் சந்திக்கும் நேரத்துக்கும் சம்பளம் கொடுப்பேன். பஸ் அட்டையையும் அந்த அலுவலகத்திலேயே வாங்கிக்கொள்ளச் சொல்வேன்.