‘அவ’ யார்?

அன்புள்ள ஐயா,

என் தாத்தா சென்ற ஆண்டு 92 வயதில் காலமானார். இளமையில் கும்பகோணத்தில் ஒரு நெல் மண்டியில் கணக்கெழுதியவர். பரணை ஒழித்தபோது அவருடைய பழைய நோட்டு ஒன்று கிடைத்தது. அட்டையில் ‘துர்முகி’ என்று எழுதியிருக்கிறது. உள்ளே இருப்பது தமிழ்தான், ஆனால் படிக்க முடியவில்லை. சுழித்துச் சுழித்து ஏதேதோ குறிகள். நடுவில் மாதம் தவறாமல் ‘அவ’ என்று வருகிறது. அத்தை அதைப் பார்த்துவிட்டு “அவன்னா எவ?” என்று கேட்க, ஒரு வாரமாக வீட்டில் இதே பேச்சுதான். நல்லவேளை, பாட்டி இல்லை!

அப்பாவுக்கு 60 வயது. தமிழில் எம்.ஏ. படித்தவர். அவராலும் படிக்க முடியவில்லை. ஆனால் பேச்சு எப்படியோ சுற்றிவந்து, “உங்க தலைமுறைக்குத்தான் நம்ம பண்பாடு ஒண்ணுமே தெரியாதே” என்று என் தலையில் வந்து முடிந்தது. ஒரு பக்கத்தைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன். நிஜமாகவே எங்களிடம்தான் எல்லாம் அறுந்துபோனதா?

ம., பெங்களூர்

அன்புள்ள ம.,

முதலில் அத்தையைச் சமாதானப்படுத்துங்கள். அது ‘அவ’ இல்லை, எட்டேகால்.

பழைய தமிழ்க் கணக்கில் எட்டுக்குக் குறி ௮. கையெழுத்தில் அதற்கும் அகரத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். காலுக்குக் குறி ‘வ’. ‘எட்டேகால் லட்சணமே’ என்று ஔவையார் பெயரில் ஒரு வசவுப் பாட்டு வழங்குகிறதே, அதுவும் இதே விளையாட்டுதான். எட்டேகாலை எழுத்தாகப் படித்தால் அவலட்சணம். உங்கள் அப்பா இதை வகுப்பில் கேட்டிருப்பார், சிரித்தும் இருப்பார். பாட்டில் பார்த்த ஆசாமியைக் கணக்கு நோட்டில் அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

படத்தில் மூன்றாவது வரியைப் பாருங்கள். முதலில் வருவது ௴, மாதம். அடுத்து ௳, தேதி. பிறகு ௸, அதாவது ‘மேற்படி’. அதைத் தொடர்ந்து ௶, பற்று. ௹ என்றால் ரூபாய். கடைசியில் அத்தையின் தூக்கத்தைக் கெடுத்த ௮வ. ஆக, மேற்படியாருக்கு எட்டு ரூபாய் நாலணா (ரூபாய்க்குப் பதினாறணா, அதில் கால்) கொடுத்ததாக எழுதியிருக்கிறார்.

துர்முகி என்பது 1956 ஏப்ரலில் தொடங்கி 1957 ஏப்ரலில் முடிந்த வருஷம். அது முடிய இரண்டு வாரம்கூட இல்லாதபோது, 1957 ஏப்ரல் 1 அன்று, ரூபாயை நூறாகப் பிரித்த நயா பைசா வந்தது. அதாவது அணா தனிக்காட்டு ராஜாவாக இருந்த கடைசி வருஷத்தின் கணக்கு உங்கள் கையில் இருக்கிறது. அப்போது எனக்கு ஆறு வயது. அப்பா திருவாரூரில் மளிகைக்கடை வைத்திருந்தார். ஓரணாவுக்கு 6 நயா பைசா, ரெண்டணாவுக்கு 12, மூணணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று அரசாங்கம் கணக்குச் சொன்னது. ஓரணாச் சாமானை நாலு தரமாக வாங்கினால் 24, ஒரே தரமாக வாங்கினால் 25. அந்த ஒரு பைசாவுக்காகக் கடையில் நடந்த சண்டைகளைச் சொல்ல ஒரு நாள் போதாது. ஒரு பாட்டி தினமும் நாலு நடை வந்துபோவார்.

அப்பாவுக்குப் பின்னமெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று. இரண்டையும் கூட்டினால் மாகாணி, பதினாறில் ஒன்று. அதற்கே வீசம் என்றும் பெயர். முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. அந்த முந்திரியையும் முந்நூற்றிருபதாகப் பிளந்தால் கீழ்முந்திரி, அதாவது 1,02,400-இல் ஒரு பங்கு. கடைக்கு அது தேவைப்படாது என்றாலும் மனப்பாடம் செய்திருந்தார். “வேலை முக்காலே மூணு வீசம் முடிஞ்சுது” என்று இன்றைக்கும் சொல்கிறோம். முக்காலோடு பதினாறில் மூன்றைக் கூட்டிப் பாருங்கள், பதினாறில் பதினைந்து. ரூபாயில் சொன்னால் பதினைந்தணா. ஓரணாதான் பாக்கி. இந்தக் கூட்டலைப் போடாமலே நானும் அதை முப்பது வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பத்து வயதிருக்கும். ராத்திரி கடை சாத்தியபிறகு அப்பா நாள் கணக்குச் சிட்டை எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒரு குறியைத் தொட்டு, “இது என்னப்பா?” என்றேன். விரலை மெல்ல எடுத்துவிட்டார். “இது உனக்கெதுக்கு? பள்ளிக்கூடத்துல சொல்லிக்கொடுக்கறதைப் படி. இந்தக் கல்லாவோட இதுவும் என்னோட போகட்டும்.” கோபமாகச் சொல்லவில்லை. மகன் கடையில் உட்காரக் கூடாது என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. நான் பேங்க்குக்குப் போனேன். இந்தக் குறிகளைக் கற்றுக்கொண்டது அவர் போனபிறகு, அவர் நோட்டுகளையும் அச்சடித்த ஒரு பழைய எண்சுவடியையும் (கணக்கு வாய்பாட்டுப் புத்தகம்) பக்கத்தில் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டித்தான்.

ஆகவே எங்கே அறுந்தது என்று நீங்கள் கேட்டால், உங்களிடம் இல்லை. எடையும் அளவும் மெட்ரிக் முறையில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமானது 1962 ஏப்ரலில். உங்கள் அப்பா பிறந்ததே அதற்குப் பிறகு. அவருக்கு இதைச் சொல்லித்தர ஒரே ஒருவரால் முடிந்திருக்கும், அவரும் சொல்லவில்லை. என் அப்பா நினைத்ததையே உங்கள் தாத்தாவும் நினைத்திருப்பார் என்பது என் ஊகம். மறதி என்று நாம் சொல்வதில் பாதி, பெரியவர்கள் வேண்டுமென்றே கைமாற்றாமல் விட்டது. அதற்குப் பேரப்பிள்ளைகளைத் திட்டுவது கொஞ்சம் அநியாயம். அப்பாவிடம் நான் சொன்னதாகவே சொல்லலாம்.

சட்டம் மாறினாலும் வாய் உடனே மாறிவிடவில்லை. 1967 தேர்தலில் தி.மு.க. கொடுத்த வாக்குறுதி நினைவிருக்கும்: ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்.’ படி சட்டப்படி செத்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. ஆனால் கிலோ என்று சொல்லி யாரிடம் ஓட்டு வாங்குவது? அரிசி என்றால் ஜனங்களுக்குப் படிதான். ஆழாக்கு, உழக்கு, உரி, படி என்று ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் இரண்டு மடங்கு. எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். களத்தில் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று எண்ண மாட்டார்கள். ‘லாபம்’ என்பார்கள், அடுத்தது ‘ரெண்டு’. அந்தக் குரலில் ஒரு ராகம் இருக்கும். நெல் விழும் சத்தத்தோடு சேர்த்துத்தான் அது எனக்கு ஞாபகம் வருகிறது.

இப்படி ராகம், சத்தம் என்று எழுதும்போது எனக்கே ஒரு கூச்சம் வந்துவிடும். குவித்து அளப்பது ஒரு அளவு, தலைதட்டி அளப்பது இன்னொரு அளவு. வாங்க ஒரு மரக்கால், கூலி கொடுக்க ஒரு மரக்கால் என்று வைத்திருந்தவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கூலி வாங்கியவருக்குத் தெரியாது. படிக்கத் தெரிந்தவர் கணக்குப்பிள்ளை ஒருவர்தான், அவர் யாருடைய ஆள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊருக்குக் கிழக்கே கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரைக் குடிசையில் வைத்து எரித்தார்கள். அரைப்படி நெல் கூலி உயர்த்திக் கேட்டதற்கு என்றுதான் அந்தப் பக்கத்தில் இன்றும் அதைச் சொல்வார்கள். பண்பாடு தெரியவில்லை என்று உங்களைக் கேட்பவர்களிடம், அரைப்படி என்றால் என்னவென்று தெரியுமா என்று ஒருமுறை நீங்கள் கேட்டுப்பாருங்கள். கிலோத் தராசு வந்தபோது எல்லோரும் அழுதார்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்னொரு வேடிக்கை. ௳, ௴, ௸ எல்லாம் 2003-இலேயே யூனிகோடில், அதாவது கணினிக்கான எழுத்துப் பட்டியலில், ஏறிவிட்டன. அதனால்தான் இதை என்னால் தட்டச்சு செய்ய முடிகிறது. முந்திரி, காணி, மாகாணிக் குறிகளுக்கு 2019-இல்தான் இடம் கிடைத்தது. என் போனில் அவை வெறும் கட்டங்களாகத் தெரிகின்றன. எந்த எழுத்துரு போட்டால் தெரியும் என்று சொன்னால் உபகாரமாக இருக்கும். இந்த விஷயத்தில் நான் கேட்டுக்கொள்ளும் இடத்தில்தான் இருக்கிறேன்.

நோட்டை பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மூடாதீர்கள், வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். பக்கம் பக்கமாகப் படமெடுத்துவிட்டுப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை அத்தை இல்லாதபோது படியுங்கள். எட்டேகால் எவ்வளவு என்று சொல்லிவிட்டேன். அது மாதாமாதம் யாருக்குப் போனது என்று சொல்லவில்லை. நீங்கள் அனுப்பிய பக்கம் முழுக்க ௸, ௸ என்றே இருக்கிறது. கடை வாடகையாக இருக்கலாம், சீட்டுப் பணமாக இருக்கலாம். மேற்படியாரின் பெயர் அதற்கு முந்தைய பக்கங்களில் எங்கேயோ ஒருமுறை எழுதியிருக்கும். முதல் பக்கத்திலிருந்து அனுப்புங்கள், பார்ப்போம்.

அன்புடன்.