ஒரு வீட்டுப் பாக்கி, 12 பேருக்கும் தடையா?

கேள்வி: எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவில் 12 பேர். நான்கு வருடமாகச் சேமிப்பும் உள்கடனும் ஒழுங்காக நடக்கின்றன. வங்கியில் குழுக் கடன் கேட்டால், ஓர் உறுப்பினரின் கணவர் அதே வங்கியில் பயிர்க்கடன் பாக்கி வைத்திருக்கிறார், அந்த உறுப்பினரை நீக்கிவிட்டு வாருங்கள் என்கிறார்கள். அவர் என் நாத்தனார். என்ன செய்வது?

பதில்: நாத்தனாரை நீக்க வேண்டாம். உறுப்பினர் சிலரோ அவர்கள் குடும்பத்தாரோ பாக்கி வைத்திருப்பது, குழு தன் கடனை ஒழுங்காகக் கட்டும்வரை, பொதுவாகக் குழுக் கடனுக்குத் தடையாகக் கூடாது என்கிறது ரிசர்வ் வங்கி. 20 லட்சம் ரூபாய் வரை அடமானம் கேட்கவும் கூடாது. சுற்றறிக்கை கிளை வரைக்கும் வந்துவிடுகிறது. கவுண்டரைத் தாண்டி உங்களிடம் வருவதற்குள் என்னதான் ஆகிறதோ!

ஆனால் ஒன்று. அந்தக் கடனிலிருந்து பாக்கிதாரருக்குப் பங்கு தரக் கூடாது. கணவர் மட்டும் கையெழுத்திட்ட கடன் என்றால் நாத்தனார் பாக்கிதாரர் இல்லை. கூட்டுக் கடன்தாரராகவோ ஜாமீனாகவோ இவரும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்திருந்தால் சிக்கல். "இங்கே ஒண்ணு போடும்மா" என்றதும் போட்டது பலருக்கு நினைவே இருக்காது. அவரையும் கணவரையும் அழைத்துப்போய்க் கடன் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். போட்டிருந்தாலும் அவர் குழுவில் தொடரலாம், குழுவின் சொந்தச் சேமிப்பிலிருந்து உள்கடன் வாங்கலாம். வங்கிப் பணம் மட்டும் வேண்டாம். "உன் பேரில் எடுத்துக் கொடு அண்ணி" என்பார். பாவமாகத்தான் இருக்கும், கொடுத்துவிடாதீர்கள். தவணை நின்றால் வசூலுக்கு வருபவர் உங்கள் வாசலில்தான் நிற்பார்.

சரி, அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மான நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். மனுவுடன் அதன் நகலையும் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதியோடு வங்கி முத்திரை வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையாக 'முடியாது' என்பது அவர்களுக்குச் சௌகரியம், பிறகு யாரும் பொறுப்பில்லை. அந்த மனுவோடு மகளிர் திட்ட வட்டார அலுவலகத்துக்குப் போங்கள்.

நீங்கள் இரண்டு நடை நடப்பதற்குள் "ஃபைலை நான் நகர்த்துகிறேன்" என்று ஓர் ஆள் வருவார். ஊர்க்காரராக, தெரிந்தவராகத்தான் இருப்பார். முதலில் டீச்செலவு, அப்புறம் கடனில் இத்தனை சதவீதம், கடைசியில் தொகை எழுதாத வித்டிராயல் சிலிப்பில் கையெழுத்து. அந்தச் சிலிப்பைக் கையில் எடுத்தாலே எழுந்து வந்துவிடுங்கள். குழுக் கடனுக்கு யாருக்கும் கமிஷன் கிடையாது.