ஐந்து பேர் – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சிவகங்கை மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரிலிருந்து எழுதுகிறேன். மண்பாண்டம் செய்யும் எங்கள் வேளார் தெருவில் 26 வீடுகள். கடந்த ஒன்றரை வருடத்தில் ஐந்து பேர் இறந்துவிட்டார்கள். இரண்டு பேர் சக்கரம் சுற்றியவர்கள், ஒருவர் அய்யனார் கோயில் பூசாரி, ஒருவர் சூளை போடுவதில் கெட்டிக்காரர், ஒருவர் பானை தட்டும் அப்பத்தா. இப்போது தெருவில் நான்கு பேர்தான் தொழில் செய்கிறார்கள். இன்னும் பத்து வருடத்தில் அதுவும் இருக்காது.

இறந்தவர்களைப் பற்றி ஒரு சிறு புத்தகம் போடலாம் என்று நானும் என் நண்பர்கள் மூன்று பேரும் நினைத்தோம். பெரியவர்களிடம் கேட்டால், “அவங்களப் பத்தி எழுத என்னப்பா இருக்கு, படிக்காத சனம்” என்கிறார்கள். அப்பத்தாவுக்கு ஆதார் அட்டையில் இருக்கும் படத்தைத் தவிர வேறு போட்டோகூட இல்லை. சூளை போட்டவர் நிறையக் குடிப்பார். அதை எழுதினால் சண்டை வரும், எழுதாமல் விட்டால் பொய்யாக இருக்கும் என்று தோன்றுகிறது. உங்கள் யோசனை என்ன?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தம்பி,

கடிதத்தைப் படித்ததும் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். கட்டாயம் இந்தப் புத்தகத்தைப் போடுங்கள். இந்த வருடமே போடுங்கள்.

ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன், வருத்தப்படாதீர்கள். உங்கள் கடிதத்தில் 26 வீடு இருக்கிறது, ஐந்து பேர் இருக்கிறது, மிச்சம் நான்கு பேர் இருக்கிறது, பத்து வருடம் இருக்கிறது. இறந்தவர்கள் யார் என்பதற்கு ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. சிறிய சமூகத்தில் சாவு விழும்போதெல்லாம் இதுதான் நடக்கிறது. போனவரைப் பார்ப்பதற்குள் கண் மிச்சத்தை எண்ணப் போய்விடுகிறது.

இதை நான் உணர்ந்தது கொச்சி மட்டாஞ்சேரியில். அங்கே யூதத் தெரு என்று ஒன்று உண்டு. தெருக்கோடியில் யூதர்கள் தொழுவதற்கு 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம். (பரதேசி என்றால் நம் ஊரில் வசவு. அங்கே அது வெளிதேசத்திலிருந்து வந்தவர் என்று மட்டும்தான் பொருள்.) செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காலுக்கடியில் சீனாவிலிருந்து வந்த நீலமும் வெள்ளையுமான ஓடுகள், கையால் வரைந்தவை. சுதந்திரம் வந்த காலத்தில் கேரளத்தில் ஏறக்குறைய 2,500 யூதர்கள் இருந்தார்கள். ஐம்பதுகளில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். தங்கியவர்கள் ஒவ்வொருவராகக் காலமானார்கள். 2019 ஆகஸ்டில் சாரா கோஹன், 96 வயதில். 2024 ஆகஸ்டில் குயினி ஹல்லேகுவா, 89 வயதில். இரண்டு தடவையும் செய்திகளை நான் விடாமல் படித்தேன். எல்லாவற்றிலும் அந்தக் கணக்கு இருந்தது: பரதேசி யூதர்கள் இனி இத்தனை பேர்தான்.

கணக்கு பொய்யில்லை. ஆனால் சாரா கோஹன் ஒரு எண் இல்லையே. அவர் தையல்காரி. வீட்டின் முன்பக்கத்தையே கடையாக்கி, ஆண்கள் தொழுகையின்போது தலையில் வைக்கும் சிறு தொப்பிகளையும், ஓய்வுநாள் ரொட்டியை மூடிவைக்கும் துணிகளையும் பூவேலை செய்து விற்றார். தெருவில் சுற்றுலாப் பயணிகளுக்குத் தபால் அட்டை விற்றுக்கொண்டிருந்த ஒரு முஸ்லிம் பையனுக்கு, அவன் சரக்கை வைத்துக்கொள்ளத் தங்கள் வீட்டில் இடம் கொடுத்தார்கள் அவரும் கணவரும். பிள்ளை இல்லாத வீடு அது. கணவர் கண்மூடும் முன் அந்தப் பையனிடம்தான் மனைவியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். பார்த்துக்கொண்டார், சாரா நினைவு தப்பிய கடைசிக் காலம் வரை. இன்றைக்கும் அந்தக் கடையைத் திறந்து வைத்திருப்பவர் அவர்தான். ஒரு சமூகம் எப்படி வாழ்ந்தது என்பதற்கு இது சொல்லும் அளவுக்கு எந்தக் கணக்கும் சொல்லாது.

குயினி அம்மா வேறு மாதிரி. பெரிய வீட்டுப் பெண். அப்பா கோடர் கொச்சிக்கு மின்சாரம் கொடுத்த கம்பெனியை நடத்தியவர். குயினி ஜெப ஆலயத்தின் பொறுப்பைப் பல வருடம் தன் கையில் வைத்திருந்தார். யூதர்களின் கூட்டுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் கூடியாக வேண்டும். செத்தவருக்காக மகன் சொல்லும் பிரார்த்தனையைக்கூட அந்தப் பத்துப் பேர் இல்லாமல் சொல்லக்கூடாது. ஊரில் பத்து ஆண்கள் இல்லாமல் போன பிறகு, வெளியூரிலிருந்து சுற்றிப்பார்க்க வரும் யூதர்களைக் கூப்பிட்டுச் சேர்த்துத்தான் தொழுகை நடந்திருக்கிறது. உங்கள் தெருவில் பாடை தூக்க ஆள் போதாமல் அடுத்த தெருவுக்குச் சொல்லியனுப்பும் நாளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதனால் உங்களுக்கு இது புரியும்.

இன்னொன்று. அந்த ஜெப ஆலயத்தில் செப்பேடுகள் இருக்கின்றன. கி.பி. 1000 வாக்கில் பாஸ்கர ரவி என்ற சேர மன்னன் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவையும் 72 உரிமைகளையும் கொடுத்த சாசனம், வட்டெழுத்தில். வட்டெழுத்து நம் கல்வெட்டுகளில் இருக்கும் அதே எழுத்துதான். உலகும் நிலவும் உள்ளளவும் இந்த உரிமை அவர் வழிவந்தவர்களுக்கு உண்டு என்று அதில் வெட்டியிருக்கிறது. அந்த வாசகத்தை நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைக்கும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். குடித்தவரை எப்படி எழுதுவது?

கொச்சியிலேயே இதற்கும் ஒருவர் இருக்கிறார். ஏ.பி. சேலம். அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் வம்சம் என்று ஒதுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் குடும்பத்தாருக்குப் பரதேசி ஜெப ஆலயத்தின் உள்ளே உட்கார இடமில்லை, வெளிக்கூடத்தில்தான். சேலம் சென்னைக்கு வந்து பி.ஏ.வும் சட்டமும் படித்தார், வக்கீலானார், கொச்சிச் சட்டசபையில் இருந்தார், 1929 லாகூர் காங்கிரசுக்குப் போனார். ஊருக்குத் திரும்பி, தன் சொந்த ஜெப ஆலயத்தை எதிர்த்துச் சத்தியாகிரகம் செய்தார். கொஞ்சம் கொஞ்சமாக வழி விட்டார்கள். 1967இல் இறந்தார். யூத காந்தி என்று இன்று அவரைக் கொண்டாடுகிறார்கள். வெளிக்கூடத்தை மறைத்துவிட்டு அவர் கதையை எழுத முடியுமா? முடியாது. சமூகம் சின்னது, அதன் மானம் போய்விடும் என்று யாராவது தடுத்திருந்தால் சேலம் என்ற மனிதரே நமக்குக் கிடைத்திருக்க மாட்டார். அவர் நாட்குறிப்பு எழுதும் பழக்கமுள்ளவர் என்பது நம் அதிர்ஷ்டம்.

குடிப்பதை எழுதுவதும் ஒதுக்கிவைத்ததை எழுதுவதும் ஒன்றில்லை என்பது எனக்குத் தெரியும். ஒன்று அந்த மனிதரின் பாடு, மற்றது ஊர் செய்தது. ஊர் செய்ததைக் கட்டாயம் எழுத வேண்டும். குடியைப் பொறுத்தவரை அவர் மனைவியிடம் போய் உட்காருங்கள். நீங்களாக அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். அவரைப் பற்றிச் சொல்லுங்கள் அத்தை என்று மட்டும் கேளுங்கள். அவரே சொல்வார், சொல்லும் விதத்திலேயே எவ்வளவு எழுதலாம் என்பதும் தெரிந்துவிடும். எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் அந்த வரி வேண்டாம். அதேசமயம், குடிக்காத உத்தமர் என்று பொய்யாகவும் எழுதாதீர்கள்.

என் பெரியப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். அவர் இறந்ததும் நினைவு மலர் போட்டோம், நாற்பது பக்கம், வழவழத் தாளில். பாசத்தின் சிகரமே, பண்பின் இமயமே என்று ஆளாளுக்குக் கவிதை. எனக்கு அப்போது 24 வயது, நானும் ஒன்று எழுதினேன். இப்போது எடுத்துப் பார்த்தால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும் மலர் அது. பெரியப்பாவின் கடன் நோட்டில் ஆள் பெயரே இருக்காது. “ஹேண்டில்பார் வளைந்த ஹெர்குலிஸ் – 4 ரூபாய்”, “சீட்டு கிழிந்த பச்சை ராலி – டியூப் பாக்கி” என்றுதான் இருக்கும். ஒவ்வொரு சைக்கிளையும் அதை ஓட்டுபவரையும் அவருக்கு அப்படித்தான் தெரியும். கடையைக் காலிசெய்தபோது அந்த நோட்டைப் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டுவிட்டோம். அதில் இரண்டு பக்கத்தை மலரில் போட்டிருந்தால் பெரியப்பா அதில் உயிரோடு இருந்திருப்பார். இந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

அப்பத்தாவுக்கு போட்டோ இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அவர் தட்டுப்பலகை இருக்கிறதா? அதைப் போட்டோ எடுங்கள். பிடித்துப் பிடித்துத் தேய்ந்த இடம் தெரிகிற மாதிரி வெளிச்சத்தில் வைத்து எடுங்கள். உள்ளே ஒரு கையில் உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே மற்றக் கையால் பலகையால் தட்டித் தட்டி, அடி இல்லாத பானைக்கு அடி மூடிக் கொண்டுவருவாரே, எங்கே உட்கார்ந்து செய்வார், திண்ணையிலா, வேப்பமரத்தடியிலா? கனம் சரியாக வந்துவிட்டது என்று கையால் கண்டுபிடிப்பாரா, சத்தத்தாலா? மருமகளுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்கும். படிக்காத சனம் என்று சொன்ன பெரியவருக்கும் தெரிந்திருக்கும், அவர் அதைத் தெரிந்த விஷயமாகவே நினைத்திருக்க மாட்டார், அவ்வளவுதான்.

பூசாரியிடமிருந்து, அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கும் புரவி எடுப்பைப் பற்றி ஏதாவது குறித்து வைத்திருக்கிறீர்களா? ஊரார் பிடிமண், அதாவது ஒரு கைப்பிடி மண், கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் குதிரை செய்ய ஆரம்பிப்பீர்கள். யார் கையால் கொடுத்தார்கள், அவர் என்ன சொல்லி வாங்கிக்கொள்வார், எந்த வருடம் மழை இல்லாமல் புரவி எடுக்காமல் போனது, இதெல்லாம் அவரோடு போய்விடக்கூடாது. கேட்க வேண்டியவர்களிடம் தீபாவளிக்குள் கேட்டுவிடுங்கள்.

பெண்கள் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். அப்பத்தா எந்த ஊரில் பிறந்தார், கல்யாணத்துக்கு முன் அவரை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்பதைக் கேட்டு எழுதுங்கள். நம் நினைவு மலர்களில் பெண்கள் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்பதோடு முடிந்துவிடுகிறார்கள். கேரள யூதப் பெண்கள் மலையாளத்தில் கல்யாணப் பாட்டும் பண்டிகைப் பாட்டும் வைத்திருந்தார்கள். நோட்டுப் புத்தகங்களில் கையால் எழுதி வைத்துக்கொள்வார்கள், அம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும். ரூபி டேனியல் என்ற பெண்மணி, கொச்சியில் பிறந்து 1951இல் இஸ்ரேலுக்குக் குடிபோனவர், முதுமையில் அந்தப் பாட்டுகளை உட்கார்ந்து மொழிபெயர்த்தார், தன் வாழ்க்கையையும் எழுதினார். யூதத் தெருவின் உள்விவகாரங்கள் நிறைய நமக்குத் தெரியவந்தது அவரைப் போன்றவர்களால்தான். உங்கள் தெருவிலும் மண் மிதிக்கும்போது பாடிய பாட்டு, ஒப்பாரி என்று ஏதாவது இருக்கும். அப்பத்தா செத்த அன்று யார் என்ன சொல்லி அழுதார்கள்? அந்த ஒப்பாரியிலேயே பாதி வாழ்க்கை வரலாறு இருக்கும்.

புத்தகம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்த 31ஆம் நாள் செய்யும் அந்தியேட்டிச் சடங்குக்குக் கல்வெட்டு என்று ஒரு சிறு நூல் அச்சிட்டுக் கொடுப்பார்கள். தேவாரம், போனவரின் வரலாறு, வம்சாவளி, சிலவற்றில் ஊர் வரலாறும் இருக்கும். வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுப்பதற்காக அச்சிட்டதுதான், ஆனால் ‘நூலகம்’ என்ற இணையதளத்தில் இன்று அவற்றில் பலவற்றைச் சேகரித்து வைத்திருக்கிறார்கள். யார் எந்த ஊரிலிருந்து பெண் எடுத்தார்கள், யார் எந்தப் பள்ளியில் படித்தார்கள், எப்போது கொழும்புக்கு வேலைக்குப் போனார்கள் என்பதையெல்லாம் அவற்றில் தேடி எடுக்கலாம். நீங்களும் அந்த அளவில் செய்யுங்கள். 60 பக்கம் போதும், சாதாரணத் தாள் போதும். தெருவில் வீட்டுக்கு ஒன்று, வெளியூர் போனவர்களுக்கு ஒன்று, மாவட்ட நூலகத்துக்கு இரண்டு. வம்சாவளியை மட்டும் பொறுமையாகச் சரிபாருங்கள், அதில் தப்பு வந்தால்தான் உண்மையான சண்டை வரும்.

அப்புறம், மிச்சமிருக்கும் நான்கு பேர். அவர்களை இந்தப் புத்தகத்தில் கடைசி நால்வர் என்று போட்டுவிடாதீர்கள். காலையில் சக்கரத்தில் உட்காரும் மனிதரிடம் அந்தப் பட்டத்தைக் கொடுப்பது கொடுமை. போனவர்களைப் பற்றிச் சொல்ல அவர்களைக் கூப்பிடுங்கள். சூளை போட்டவர் தீயைப் பார்த்து எப்போது நிறுத்தச் சொல்வார் என்று அவர்களைக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்கள், தங்களையும் சேர்த்துத்தான் பேசுவார்கள். செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

முதலில் அப்பத்தாவை எழுதுங்கள். ஒரு பக்கம் எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன். மழை விட்டு அடுத்த சூளை போடும் நாளைத் தெரிவித்தால் நானே புறப்பட்டு வருகிறேன். தட்டுப்பலகையை அதுவரை யாருக்கும் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்புடன்.