லுட்விக், லூயி, அலோசியஸ் எல்லாம் ஒரே பெயரா?

கேள்வி: பீத்தோவனின் 'லுட்விக்', பிரெஞ்சு அரசர்களின் 'லூயி', நம் ஊர்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் வரும் 'அலோசியஸ்' இவை எல்லாம் ஒரே பெயர் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். உண்மையா? இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

ஆமாம், உங்கள் நண்பர் சொன்னது சரிதான். இதே கேள்விக்கு நான் ஒருமுறை ஒரு முழு மாலை உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கிறேன். கேட்டவர் பெயரே லுட்விக்.

தெற்கு ஜெர்மனியின் பவேரியாவில் வேலை கிடைத்துப் போனபோது ஒரு சிற்றூரில் மாடி வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தேன். வாசலில் ஆறு தபால் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைச் சட்டம், அதற்குள் பெயர்ச் சீட்டு செருக வேண்டும். என் குடும்பப் பெயராகப் பாஸ்போர்ட்டில் இருப்பது தாத்தாவின் பெயர், ஞானப்பிரகாசம். அதை ஆங்கில எழுத்தில் எழுதினால் அந்தச் சட்டத்தில் அடங்குமா? வீட்டுக்காரப் பெரியவர் இரண்டு சீட்டை வீணாக்கிவிட்டு, "இவ்வளவு பெரிய பெயருக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார். அறிவின் ஒளி என்றேன். அப்புறம், தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவில் லத்தீனில் 'அலோசியுஸ்' என்று இருக்கும், அந்தப் புனிதரைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஞானப்பிரகாசியார் என்றுதான் சொல்வார்கள் என்பதையும் சொன்னேன். பெரியவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "என் தம்பி பெயர் அலோய்ஸ்!"

அப்படியென்றால் உங்கள் பெயரும் அவர் பெயரும் ஒன்றுதான் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே பெயரை வைப்பார்களா என்று கேட்டார். அன்று அவர் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

பழைய ஜெர்மானியப் பெயர்களில் பெரும்பாலானவை இரண்டு துண்டுகள் சேர்ந்தவை. இந்தப் பெயரின் பழைய உருவம் 'ஹ்லூத்' என்பதோடு 'விக்' சேர்ந்தது. ஹ்லூத் என்றால் உரத்தது, அதனால் ஊரெல்லாம் கேட்டது, புகழ் பெற்றது. இன்றைய ஜெர்மனில் 'லவுட்', ஆங்கிலத்தில் 'லவுட்' என்று சத்தத்தைக் குறிக்கும் சொற்கள் இதன் நேர் வாரிசுகள். இதற்கும் அடியில் இருப்பது 'கேள்' என்ற பொருள் கொண்ட இந்தோ ஐரோப்பிய வேர். அதே வேர் சமஸ்கிருதத்தில் 'ஸ்ரு' ஆகி, அங்கிருந்து நாம் பாட்டுக் கச்சேரியில் சொல்லும் 'சுருதி' வந்தது. கிரேக்கத்தில் புகழுக்கு 'க்லேயோஸ்' என்பார்கள். ஹெராக்லீஸ், பெரிக்லீஸ் பெயர்களின் வால் அதுதான். ரஷ்ய மொழியில் புகழுக்கு 'ஸ்லாவா'. ஸ்தானிஸ்லாவ், விளாதிஸ்லாவ் போன்ற பெயர்களும் அந்த வகையில் லுட்விக்குக்குத் தூரத்து உறவு. நாலு பேர் காதில் விழுந்தால்தான் அது பேர் என்ற எண்ணம் அத்தனை மொழிகளிலும் இருந்திருக்கிறது.

'விக்' என்றால் போர். லத்தீனில் வெல்வதைக் குறிக்கும் 'வின்கெரே', அதிலிருந்து வந்த 'விக்டர்' ஆகியவை இதற்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

குழந்தைப் பெயர்ப் பட்டியல்களில் லுட்விக் என்றால் 'புகழ்பெற்ற போர்வீரன்' என்று போட்டிருப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தக் காலத்தில் பெயரை ஒரு வாக்கியம் மாதிரி பொருள் பார்த்து உருவாக்கவில்லை. அப்பாவின் பெயரில் ஒரு துண்டு, தாய்வழித் தாத்தாவின் பெயரில் ஒரு துண்டு என்று எடுத்துக் கோத்தார்கள். தங்கவேல், ரத்தினவேல், சக்திவேல் என்று அண்ணன் தம்பிகளுக்கு 'வேல்' ஓடுகிற வீடுகளை நாம் பார்த்ததில்லையா? அதே மாதிரிதான். 'ஹெட்விக்' என்ற பெண் பெயரைப் பாருங்கள். முதல் துண்டும் போர், இரண்டாவது துண்டும் போர்! பொருளைப் பார்த்து வைத்திருந்தால் யாராவது அப்படி வைப்பார்களா? குடும்பத்தின் அடையாளம் பெயருக்குள் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தப் பெயரோடு வரலாற்றில் பெரிதாக வருபவர் பிராங்க் என்ற பழைய ஜெர்மானிய மக்களின் அரசர், 481 முதல் 511 வரை ஆண்டவர். லத்தீன் எழுத்தர்கள் அவர் பெயரை 'க்லோடோவெக்குஸ்' என்று எழுதினார்கள். தொண்டையில் உரசி வரும் பிராங்கிய 'ஹ்' ஒலிக்கு அவர்களிடம் எழுத்து இல்லை, அதனால் ககரம் போலக் காட்டினார்கள். அந்த எழுத்து வழியாக வந்த பெயர்தான் பிரெஞ்சுப் பாடப்புத்தகங்களில் இருக்கும் 'க்ளோவிஸ்'. அவர் மகன்கள் க்ளோதோமேர், க்ளோதார், பேரன் க்ளோதோவால்த் என்று அந்த வீட்டில் ஒரே துண்டு எப்படி ஓடுகிறது பாருங்கள். அந்தப் பேரன்தான் பாரிஸை ஒட்டிய சேன் க்ளூ என்ற ஊருக்குப் பெயர் தந்த புனிதர்.

அடுத்த திருப்பம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 751இல் க்ளோவிஸின் வம்சத்தை அகற்றிவிட்டு வேறொரு குடும்பம் அரியணை ஏறியது. அவர்கள் வீட்டில் ஆண்களுக்கு கார்ல், பிப்பின், கார்ல்மான் என்றுதான் பெயர். 778இல் அந்தக் குடும்பத்து அரசர் சார்லமேனுக்கு இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தபோது, அவர் வைத்த பெயர்கள் லூயி, லோதார். அதாவது க்ளோவிஸ், க்ளோதார்! இறக்கிவிட்ட வம்சத்தின் பெயர்களைத் தன் பிள்ளைகளுக்கு வைத்து, பழைய உரிமையும் இனி எங்களுடையதே என்று சொன்னார். லோதார் சின்ன வயதிலேயே இறந்துபோனான். லூயி பேரரசரானார்.

அந்த லூயியின் வெள்ளிக்காசு ஒன்றை அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்திருக்கிறேன். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் கோயில் முகப்பு, மறுபக்கம் நடுவில் சிலுவை, சுற்றிலும் எழுத்துகள். எச், எல், வி, டி, ஓ, வி, வி, ஐ, சி, வி, எஸ். ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தேன்: ஹ்லுடோவிகுஸ். முன்னால் அந்த 'ஹ்' இன்னும் உயிரோடு இருந்தது. 'டபிள்யூ' என்ற எழுத்து அப்போது இல்லாததால் இரண்டு 'வி' பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அதே லூயியைப் புகழ்ந்து பாடிய எர்மோல்துஸ் நிகெல்லுஸ் என்ற கவிஞர், ஹ்லுட்டோ என்றால் புகழ், விக் என்றால் போர்க்கடவுள் மார்ஸ் என்று பெயரைப் பிரித்தே காட்டியிருக்கிறார். 9ஆம் நூற்றாண்டில் துண்டுகளின் பொருள் இன்னும் மறக்கவில்லை என்று தெரிகிறது.

அப்புறம் பெயர் இரண்டு வழியில் பிரிந்தது. அந்தப் பிரிவைக் கண்ணால் பார்க்க ஒரு ஆவணம் இருக்கிறது. 842 பிப்ரவரி 14, ஸ்ட்ராஸ்பூர் நகரம். பேரரசர் லூயியின் மகன்கள் இருவர், லுட்விக்கும் சார்லஸும், அண்ணன் லோதாருக்கு எதிராகச் சேர்ந்து நிற்பதாகப் படைகளின் முன்னால் உறுதிமொழி எடுத்தார்கள். ஒருவர் படைக்கு மற்றவர் பேச்சு புரிய வேண்டும் என்பதற்காக லுட்விக் பிரெஞ்சின் பழைய உருவமான ரோமானிய மொழியிலும், சார்லஸ் ஜெர்மன் மொழியிலும் சொன்னார்கள். பிறகு படைகள் தத்தம் மொழியில் சொன்னார்கள். அந்த வாசகத்தில் ஜெர்மன் பகுதியில் 'லுதுவிக்', ரோமானியப் பகுதியில் 'லோதுவிக்ஸ்'. முன்னால் இருந்த 'ஹ்' இரண்டிலும் போய்விட்டது. மற்றபடி ஒரே ஆள், ஒரே நாள், ஏறக்குறைய ஒரே ஒலி. ஆனால் அதற்குப் பிறகு ஜெர்மன் வாய் மெய்யெழுத்துகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு லுட்விக் என்றே நின்றது. பிரெஞ்சு வாயில் நடுவில் இருந்த தகரம் தேய்ந்தது, கடைசிக் ககரமும் கரைந்தது. 'லோயிஸ்' ஆகி, அப்புறம் கடைசி 'ஸ்' எழுத்தில் மட்டும் தங்கி, 'லூயி' ஆனது.

பிரான்ஸ் தன் லூயிகளை எண்ணுவது அந்த வெள்ளிக்காசுப் பேரரசரிலிருந்துதான். அவர் முதலாம் லூயி. க்ளோவிஸை எண்ணவில்லை. பெயர் ஒன்றே என்று பார்த்திருந்தால், 1793இல் கில்லட்டினில் தலை இழந்த 16ஆம் லூயியின் எண் இன்னும் மேலே போயிருக்கும்.

இந்த இடத்தில் பெரியவர், "சரி, அது அரசர்கள் கதை. பவேரியாவில் ஏன் இத்தனை லுட்விக்?" என்று கேட்டார். பதில் மறுபடியும் ஸ்ட்ராஸ்பூரில்தான் இருக்கிறது. 1786 ஆகஸ்ட் 25 அன்று, பிரெஞ்சுப் படையில் அதிகாரியாக இருந்த ஜெர்மன் இளவரசர் ஒருவருக்கு அங்கே மகன் பிறந்தான். ஞானத்தந்தை 16ஆம் லூயி. ஆகஸ்ட் 25 என்பது 1270இல் துனிஸில் இறந்த 9ஆம் லூயி, புனித லூயியின் திருநாளும்கூட. குழந்தைக்கு லுட்விக் என்று பெயர். 944 வருடம் முன்னால் எந்த ஊரில் பெயர் இரண்டாகப் பிரிந்து எழுதப்பட்டதோ, அதே ஊரில் பிரெஞ்சுப் பெயர் ஜெர்மன் வாய்க்குத் திரும்பி வந்தது. அந்தக் குழந்தைதான் பின்னால் பவேரியாவின் முதலாம் லுட்விக். 1810 அக்டோபரில் மியூனிக்கில் நடந்த அவர் திருமண விழாவிலிருந்துதான் அக்டோபர்ஃபெஸ்ட் தொடங்கியது. 1845இல் அவருக்கு ஒரு பேரன், அதுவும் ஆகஸ்ட் 25 அன்றே. பெற்றோர் ஓட்டோ என்று வைக்க நினைத்தார்கள். தாத்தா விடவில்லை, என் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்றார். நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையைக் கட்டிய இரண்டாம் லுட்விக் அந்தப் பேரன்.

பீத்தோவனைக் கேட்டீர்கள் அல்லவா? அவருக்கும் தாத்தா பெயர்தான். தாத்தா ஃபிளாண்டர்ஸ் பகுதியின் மெக்கெலன் ஊர்க்காரர், டச்சு வழக்கில் 'லோடவெய்க்'. பேரன் 1770 டிசம்பர் 17 அன்று பான் நகரில் ஞானஸ்நானம் பெற்றபோது பதிவேட்டில் லத்தீனில் 'லுடோவிகுஸ்'. வளர்ந்த பிறகு, 'நிலவொளி' என்று நாம் சொல்லும் சொனாட்டா 1802இல் அச்சானபோது இத்தாலிய முகப்பில் 'லுயீஜி வான் பீத்தோவன்'. மூன்றாம் சிம்பொனியின் கையெழுத்துப் படி முகப்பில் 'லூயி வான் பீத்தோவன்'. அந்தத் தாளில் நெப்போலியனைக் குறிக்கும் 'பொனபார்ட்' என்ற சொல்லைத் தாள் ஓட்டையாகும் அளவுக்குச் சுரண்டியிருக்கிறார்கள். பிரெஞ்சு லூயியை யாரும் தொடவில்லை. எந்த மொழியில் எழுதுகிறோமோ அந்த மொழியின் உருவம், அவ்வளவுதான் அன்றைய வழக்கம்.

எல்லா மொழி உருவங்களையும் இங்கே அடுக்கப் போவதில்லை. சிலவற்றை மட்டும் சொல்கிறேன். ஹங்கேரியில் 'லொயோஷ்', கேட்டால் உறவே தெரியாது. போலந்தில் 'லுத்விக்', எஸ்பெராந்தோ மொழியை உருவாக்கிய ஜாமென்ஹோஃப் அந்தப் பெயர்க்காரர். குரோஷியாவில் 'லியுதேவித்' என்று, தங்கள் மொழியில் மக்களைக் குறிக்கும் 'லியுதி' கேட்கிற மாதிரி மாற்றிக்கொண்டார்கள். பாஸ்க் மொழியில் 'கோல்டோபிகா', சுருக்கமாகக் 'கோல்டோ'. லத்தீன் எழுத்தர்கள் போட்ட அந்தப் பழைய ககரம் அங்கே இன்னும் முன்னால் நிற்கிறது! ஆங்கிலத்தில் 'லூயிஸ்'. ஜெர்மனியில் செல்லமாக 'லுட்ஸ்', பவேரியாவில் 'விகெர்ல்'. எங்கள் பெரியவரை அவர் அம்மா அப்படித்தான் கூப்பிடுவாராம்.

ஒலி வேறாகத் தெரிவதால் பெயரையே மாற்றிய ஊரும் உண்டு. 14ஆம் லூயி 1680இல் கோட்டை கட்டிய சார்லூயி இன்று ஜெர்மனியில் இருக்கிறது. 1936இல் நாஜிகள், 'லூயி' பிரெஞ்சு மாதிரி ஒலிக்கிறது என்று அதை 'சார்லவுட்டர்ன்' ஆக்கினார்கள். எனக்கு அதை நினைத்தால் வருத்தமாக இருக்கும். அவர்கள் அழித்தது ஒரு ஜெர்மானியப் பெயரைத்தான். 1945இல் பழைய பெயர் திரும்பியது.

இனி அலோசியஸ். தென் பிரான்சின் பழைய ஒக்சித்தான் மொழியில் லூயிக்கு 'அலோயிஸ்' என்ற உருவம் இருந்தது, அதை லத்தீனாக்கியதே 'அலோசியுஸ்' என்பது பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். வெனிஸில் அதே பெயர் 'அல்வீசே'. உலகம் முழுக்க அலோசியஸைப் பரப்பியவர் ஒரே ஒரு இளைஞர்: 1568இல் வட இத்தாலியில் பிறந்த லுயீஜி கொன்சாகா. பிரபு குடும்பத்தின் மூத்த பிள்ளை. உரிமையைத் தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு இயேசு சபையில் சேர்ந்தார். ரோமில் கொள்ளைநோய் பரவியபோது நோயாளிகளைத் தூக்கிச் சுமந்து பணி செய்து, தானும் நோயுற்று 1591 ஜூன் 21 அன்று 23 வயதில் இறந்தார். வீட்டில் லுயீஜி, திருச்சபையின் லத்தீனில் அலோசியுஸ், பவேரியக் கிராமத்தில் அலோய்ஸ், நம் ஊரில் ஞானப்பிரகாசியார். மற்ற மொழிகள் எல்லாம் பழைய ஒலியைத் தேய்த்துத் தேய்த்துத் தங்கள் வாய்க்கு ஏற்ப மாற்றிக்கொண்டன. தமிழ் மட்டும் ஒலியை விட்டுவிட்டு அந்தப் பிள்ளைக்குப் புதிதாகவே ஒரு பெயர் சூட்டியது. என் தாத்தா பெயரில் லுட்விக்கின் ஒரு எழுத்துகூட இல்லை. ஆனாலும் ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்தால் அந்த வரிசை க்ளோவிஸ் வரை போகிறது.

அன்று இரவு பெரியவர் பின்வாசலுக்குப் போய், பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். தம்பி நம்பினாரா தெரியாது. தபால் பெட்டியில் கடைசியில் என் பெயரை இரண்டு வரியாக எழுதி ஒட்டினோம்.

பவேரியக் கத்தோலிக்கர்களில் வயதானவர்களுக்குப் பிறந்தநாளைவிடப் பெயர்த் திருநாள்தான் பெரிது. அடுத்த ஜூன் 21 காலையில் கதவு தட்டும் சத்தம். திறந்தால், ஒரு தட்டில் செர்ரிப் பழம் போட்ட கேக்கோடு அண்ணனும் தம்பியும் நின்றார்கள். தம்பிதான் தட்டை நீட்டினார். "நம் நாள்" என்றார்.