இரண்டு பேரும் ஒரே பந்துக்குப் போனால்

அன்புள்ள ஐயா,

ஸ்காபரோவில் இருந்து எழுதுகிறேன். சொந்த இடம் கோண்டாவில். நாவாந்துறைப் பெடியளின் உதைபந்தாட்டம் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்த துணிவில் இதைக் கேட்கிறேன். எங்கள் ஐஸ் ஹொக்கி அணி ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸ் 1967க்குப் பிறகு லீக்கின் ஸ்ரான்லி கிண்ணத்தை வெல்லவில்லை. கோல் விழாமல் தடுக்கிற பின்வரிசைதான் ஓட்டை என்கிறேன் நான், நண்பர்கள் சிரிக்கிறார்கள். பின்வரிசையில் ஆறு பேரும் உயரமான முரடர்களாக இருக்கவேண்டுமா, வேகமாக ஆடுகிறவர்களாக இருக்கவேண்டுமா? பாதிக்குப் பாதி கலந்தால் சமநிலை வருமா? கோல் காப்பாளருக்கு எவ்வளவு செலவழிக்கலாம்? என் மகனும் ஐஸ் ஹொக்கி விளையாடுகிறான். பயிற்றுநர் அவனைப் பின்னுக்கு விட்டிருக்கிறார். கோல் அடிக்கிற இடத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வாசகர், ஸ்காபரோ

அன்புள்ள தம்பி,

போன கிழமை இங்கே ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், பின்னுக்கு நின்ற மகனைப் பார்த்து "முன்னுக்குப் போடா, என்ன சும்மா நிக்கிறாய்" என்று ஒரு தகப்பன் தொண்டை கிழியக் கத்தினார். அந்த எரிச்சல் ஆறமுதல் உங்கள் கடிதம் வந்துவிட்டது. அவருக்கும் சேர்த்தே இந்தப் பதில்.

பாதிக்குப் பாதி கலக்கிற கணக்கை விடுங்கள். லீவ்ஸ் ஆடுகிற வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்கான என்.எச்.எல். ஆட்டத்தில் கோல் காப்பாளர் இருவரையும் விட்டால் ஒரு அணிக்கு 18 பேர். அதில் வழக்கமாக ஆறு பேர் பின்வரிசை. அவர்கள் மூன்று சோடிகளாகத்தான் இறங்குவார்கள். முக்கால் நிமிடம் போல ஆடிவிட்டு ஒரு சோடி வாங்கில் வந்து குந்த, அடுத்த சோடி பனிக்குள் பாயும். ஆகவே ஆளைப் பார்த்து வாங்குகிறவர் தோற்பார், சோடியைப் பார்த்து வாங்குகிறவர் தப்புவார்.

தடியை வலப்பக்கம் பிடிக்கிறவர், இடப்பக்கம் பிடிக்கிறவர் என்று இரண்டு வகை இருப்பது உங்களுக்குத் தெரியும். பின்வரிசையில் வலப்பக்கக்காரர் குறைவு, அதனால் கிராக்கியும் கூட. பக் என்கிற அந்தக் கறுப்பு இறப்பர் வில்லை வலது மூலையில் மதிலோரமாகச் சுழன்று வருகிறது என்று வையுங்கள். அங்கே நிற்பவர் வலப்பக்கம் பிடிக்கிறவர் என்றால் தடியின் உள்முகத்தால் அதை நிறுத்தி, தலை நிமிர்ந்தபடியே அடுத்தவருக்குத் தட்டிவிடுவார். இடப்பக்கக்காரர் என்றால் புறமுகத்தால் எடுக்கவேண்டும். பாதி உடம்பு மதிலைப் பார்த்திருக்கும். முதுகுக்குப் பின்னால் எதிராளி முழு வேகத்தில் வந்துகொண்டிருப்பான். சமநிலை என்று நான் நினைப்பது இந்த மாதிரிச் சின்ன விசயத்தைத்தான்.

உயரமா? முன்பு பின்வரிசையில் ஆடிய ஸ்டெனோ சாரா ஆறடி ஒன்பது அங்குலம். அவரைப் போல ஆறு பேருக்கு எங்கே போவது? கோல் காப்பாளர் வேறு உலகம், இன்னொரு நாள் பார்ப்போம். காசுக் கணக்கைப் பார்த்தால் மட்டும், பின்வரிசைதான் ஓட்டை என்று நீங்கள் சொல்வது சரி. 2024-25 பருவத்தில் ஒரு அணி தன் வீரருக்கு மொத்தமாகக் கொடுக்கக்கூடிய சம்பள உச்சவரம்பு 88 மில்லியன் டொலர். லீவ்ஸ் அதில் பாதிக்கு மேல் நான்கே நான்கு முன்வரிசைக்காரருக்குக் கொடுத்தது. நண்பர்கள் இனிச் சிரித்தால் இதைச் சொல்லுங்கள்.

சரி, இனி உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். லீவ்ஸுக்குப் பின்வரிசை போதாது என்று ஒரு பக்கம் அழுகிறீர்கள். சொந்தப் பிள்ளை பின்வரிசையில் நின்றால் உங்களுக்கு மானம் போகிறது. எல்லாத் தகப்பன்மாரும் உங்களைப்போல இருந்தால் உங்கள் லீவ்ஸுக்கு ஆள் எங்கிருந்து வரும், வானத்திலிருந்தா?

நான் சின்னவனாக இருந்த காலத்தில், கரையோர ஊர் ஒன்றின் கழகத்தில் இரண்டு பேர் பின்னுக்கு ஆடினார்கள். இரண்டு பேரும் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர்கள். ஒருவர் பந்தோடு நடுக்கோடு தாண்டி ஓடுவார், கத்துவார், சனம் விசிலடிக்கும். அவர் கால் எடுத்த அந்த நொடியே மற்றவர் நான்கு எட்டு உள்ளுக்கு நகர்ந்துவிடுவார். கையும் காட்டமாட்டார், திரும்பியும் பார்க்கமாட்டார். இந்த மற்றவரின் பெயரைச் சொல்லி விசிலடித்த ஒருவரை நான் காணவில்லை. ஒரு முறை இறுதிப்போட்டிக்கு நிர்வாகம் வெளியூரில் இருந்து வாட்டசாட்டமான ஒருவரைக் கூட்டிவந்து இவரை வெளியே இருத்தியது. ஆட்டம் துரையப்பா விளையாட்டரங்கில். உயர்ந்து வந்த ஒரு பந்துக்குப் பின்னால் நின்ற இரண்டு சூரரும் சேர்ந்து பாய்ந்தார்கள். பந்து இரண்டு தலைக்கும் மேலால் போய் விழுந்த இடத்தில் எதிரணிப் பெடியன் தனியாக நின்றான். வெளியே இருந்தவர் எனக்குப் பக்கத்தில்தான் குந்தியிருந்தார். "ரெண்டு பேரும் ஒரே பந்துக்குப் போனா மிச்ச இடத்தை ஆர் பாக்கிறது?" என்றார், அவ்வளவுதான்.

இன்றைக்கும் அந்த நிர்வாகத்தின் மேல் எனக்குக் கோபம்.

நீங்கள் பழைய ஹொக்கி வீரர் பொபி ஓரைச் சொல்லித் தொடங்குவீர்கள், தெரியும். 1969-70 இல் பின்வரிசையில் நின்றுகொண்டே லீக்கில் எல்லாரையும் விட அதிக புள்ளி எடுத்தவர். அப்படி ஒருவர் கிடைத்தால் கும்பிட்டு வைத்துக்கொள்ளலாம். ஆனால் இன்னொரு பின்வரிசைக்காரர் றொட் லாங்வேயைப் பாருங்கள். 1982 இல் மொன்றியலில் இருந்து வாஷிங்ரன் கப்பிற்றல்ஸுக்கு வந்தார். அந்தப் பருவம் முழுக்க அவர் அடித்தது மூன்றே மூன்று கோல். சிறந்த பின்வரிசைக்காரருக்கான நொறிஸ் கிண்ணம் அவருக்குத்தான் போனது. 1974 இல் தொடங்கிய அந்த அணி முதன்முதலாகக் கிண்ணத்துக்கான பிளேஓவ் சுற்றுக்குப் போனதும் அந்தப் பருவத்தில்தான். கோல் அடிக்காத ஒருவனைப் பார்த்துக் கிண்ணம் கொடுக்கத் தெரிந்திருக்கிறது அங்கே. உங்களுக்கு ஏன் தெரியவில்லை?

கடிந்துவிட்டேன், குறை நினைக்கவேண்டாம். விடியக் காலையில் குளிருக்குள் பிள்ளையை ஏற்றிக்கொண்டு பயிற்சிக்கு ஓடுகிற தகப்பன் நீங்கள், அந்தப் பாடு எனக்கு விளங்குகிறது. ஆனால் பயிற்றுநரை இனி அரியண்டப்படுத்தாதீர்கள். அடுத்த ஆட்டத்தில் பக்கைப் பார்க்காமல் ஒரு பத்து நிமிடம் மகனை மட்டும் பாருங்கள். அவனோடு சோடியாக ஆடுகிற பெடியன் யார், அவன் முன்னுக்குப் போகும்போது உங்கள் பிள்ளை என்ன செய்கிறான் என்று எழுதுங்கள். லீவ்ஸைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள் அந்தப் பெடியனைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.